வி-ஸ்ட்ரோம் 650-இல் குரூஸ் கண்ட்ரோல்: பொருத்தியதும் பழகியதும்

கேபிளில் இயங்கும் ஆக்சிலேட்டர் கொண்ட மோட்டார் சைக்கிளுக்கு வெளியிலிருந்து குரூஸ் கண்ட்ரோல், அதாவது குறித்த வேகத்தைத் தானாகவே காத்துவரும் கருவி, வாங்கிப் பொருத்துவது தகுந்த செலவுதானா என்று கேட்பவர்களுக்கு, என் சுசுகி வி-ஸ்ட்ரோம் 650 எக்ஸ்டி வண்டியில் சில ஆண்டுகளாக அதை வைத்து ஓட்டிவரும் அனுபவத்திலிருந்து விரிவாகப் பதில் சொல்ல விரும்புகிறேன். எனக்கு ஓசூரில் வேலை, நாகர்கோவிலில் வீடு. இடையே இருக்கும் 600 கிலோமீட்டருக்கும் அதிகமான தூரம் பெரும்பாலும் தேசிய நெடுஞ்சாலை 44-லேயே கழிகிறது. அந்தச் சாலையில் ஓட்டி ஓட்டி எனக்குத் தெளிவான முடிவு இது: வேகத்தைப் பிடித்து வைப்பதில் சந்தையில் கிடைக்கும் கருவிகளுக்குள் பெரிய வேறுபாடு இல்லை, பிடித்ததை எத்தனை வழிகளில், எவ்வளவு விரைவாக விட்டுவிடுகிறது என்பதில்தான் நம்பத்தக்க கருவியும் ஆபத்தான கருவியும் பிரிகின்றன. பணமும் உழைப்பும் அங்கேதான் போக வேண்டும்.

தேவை எங்கிருந்து வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆக்சிலேட்டர் பிடியைத் திரும்ப மூடிவிட அதற்குள் இருக்கும் சுருள்வில் ஓயாமல் இழுத்துக்கொண்டே இருக்கும். அதை எதிர்த்து மணிக்கட்டைச் சற்று மடக்கிய நிலையில் மணிக்கணக்காகப் பிடித்திருந்தால், கரூர் தாண்டுவதற்குள் வலக்கையின் விரல்கள் மரத்துப்போகும். இன்னொரு காரணமும் உண்டு. 2018-இல் மத்திய அரசு வெளியிட்ட அறிவிப்பு, நான்குவழிச் சாலையில் இருசக்கர வாகனத்துக்கு உச்ச வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர் என்று வரையறுத்தது. 645 சிசி எஞ்சினுக்கு 80 என்பது சோம்பலான வேகம். கவனம் சற்று நழுவினால் முள் 95-ஐத் தொட்டு நிற்கும். கை வலிக்காமல், வேகமும் ஏறாமல் 80-இல் நிலையாகச் செல்ல வேண்டும் என்பதே என் தேவையாக இருந்தது.

முதலில் நான் பயன்படுத்தியது, ஹேண்டில்பாரின் வலது முனையில் பொருத்தும் உராய்வுப் பூட்டு. விலை குறைவு, அரை மணி நேரத்தில் மாட்டிவிடலாம், மின்சார இணைப்பு எதுவும் தேவையில்லை. அதைப் பலர் குரூஸ் கண்ட்ரோல் என்றே சொல்லி விற்கிறார்கள். ஆனால் அது பிடியைத்தான் பூட்டுகிறதே தவிர, வேகத்தை அறியாது. ஏற்றம் வந்தால் வண்டி தளரும், இறக்கத்தில் விரையும். இந்தக் குறை எனக்கு முழுமையாகப் புரிந்தது நாங்குநேரிக்குத் தெற்கே. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில், ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பாய்ந்து வரும் காற்று வள்ளியூர், பணகுடி, காவல்கிணறு வரை சாலையைக் குறுக்கே அறையும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று முன்னோர் சொன்னதை நேரில் காண விரும்புபவர் முப்பந்தல் காற்றாலைகளுக்கு அருகே பைக்கில் போய்ப் பார்க்கலாம். அங்கே பூட்டிய ஆக்சிலேட்டரோடு போனால், காற்று முகத்தில் மோதும்போது வேகம் 70-க்கு விழும்; ஒரு லாரியின் மறைவுக்குள் நுழைந்த உடனே வண்டி தானாகவே அந்த லாரியின் பின்புறத்தை நோக்கி முன்னேறும். அவசரத்தில் பிடியை வலுவாகத் திருகினால் பூட்டு விட்டுக்கொடுக்கும் என்பது உண்மைதான். ஆனால் பிரேக்கை மட்டும் பிடித்தால் அது விடாது. எஞ்சின் ஒருபக்கம் தள்ள, பிரேக் மறுபக்கம் இழுக்கும். அன்றே அதைக் கழற்ற முடிவு செய்தேன்.

அடுத்து வாங்கியது முழுமையான கருவி. நிறுவனத்தின் பெயரைச் சொல்லவில்லை. இந்த வகைக் கருவிகள் எல்லாமே ஒரே கொள்கையில் இயங்குவதால், நான் சொல்லப்போவது பெரும்பாலானவற்றுக்குப் பொருந்தும். சக்கரத்தில் ஒரு காந்தம், அதன் அருகே ஒரு சென்சார், இருக்கைக்கு அடியில் ஒரு சிறிய கணினி, ஆக்சிலேட்டர் கேபிளை இழுக்கும் ஓர் இயக்கி, இடது கைப்பிடியருகே பொத்தான்கள். சென்சார் சொல்லும் வேகத்தை நாம் குறித்த வேகத்தோடு கணினி ஓயாமல் ஒப்பிட்டு, குறைந்தால் கேபிளை இழுக்கிறது, கூடினால் தளர்த்துகிறது. என்னுடைய இயக்கி எஞ்சினின் உறிஞ்சு குழாயிலிருந்து கிடைக்கும் வேக்குவத்தால், அதாவது வெற்றிடத்தின் இழுவிசையால், வேலை செய்வது. மின்மோட்டாரால் இழுப்பவையும் உண்டு. இறக்குமதி வரியும் சேர்ந்து மொத்தச் செலவு, நல்ல நிலையில் உள்ள ஒரு பழைய ஸ்கூட்டரின் விலைக்கு வந்து நின்றது.

பொருத்தும் வேலையில் மிகவும் நுட்பமானது கேபிள். வி-ஸ்ட்ரோமில் ஆக்சிலேட்டரைத் திறக்க ஒரு கேபிள், மூட ஒரு கேபிள். டேங்கைத் தூக்கி, திறக்கும் கேபிளின் நடுவே ஓர் இணைப்புப் பெட்டியை வைக்கிறோம். கையிலிருந்து வரும் கேபிளும் இயக்கியிலிருந்து வரும் கேபிளும் அதில் சேர்ந்து, அங்கிருந்து ஒரே கேபிளாக, எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் திராட்டில் பாடிக்குப் போகின்றன. இதனால் கையும் கருவியும் ஒன்றையொன்று தடுக்காமல் தனித்தனியே இழுக்க முடிகிறது. இங்கே கேபிளின் வெற்றசைவு, அதாவது பிடியைத் திருகும்போது எஞ்சின் ஏற்பதற்கு முன் உள்ள தளர்வு, சுசுகி சொல்லும் 2 முதல் 4 மில்லிமீட்டருக்குள் இருந்தே ஆக வேண்டும். அது சரியா என்பதை அறிய எளிய சோதனை உண்டு: எஞ்சினை ஐட்லிங்கில் ஓடவிட்டு, ஹேண்டில்பாரை இடது கோடியிலிருந்து வலது கோடி வரை மெதுவாகத் திருப்ப வேண்டும். எந்த இடத்திலும் எஞ்சின் சத்தம் கூடக் கூடாது. கூடினால், டேங்குக்கு அடியில் எங்கோ கேபிள் இறுகி மடங்குகிறது என்று பொருள். எனக்கு இந்தச் சோதனையில் தேறக் கேபிளின் பாதையை மாற்றியமைக்க வேண்டியிருந்தது. டேங்கை மீண்டும் இறக்கி, பிடியை முழுவதும் திருகி விட்டு, அது தன் சக்தியிலேயே 'டக்' என்று மூடுகிறதா என்றும் பார்க்க வேண்டும். மெக்கானிக் அவசரப்பட்டாலும் நாம் அவசரப்படக் கூடாத இடம் இது.

அடுத்தது பிரேக் இணைப்பு. கருவியின் கணினி, பிரேக் விளக்குக்குப் போகும் வயரை எப்போதும் கவனித்துக்கொண்டிருக்கும். பிரேக் பிடிக்காதபோது அந்த வயர் பல்பின் இழை வழியாக எர்த்தோடு தொடர்பில் இருக்க வேண்டும். பிடித்த உடனே அதில் 12 வோல்ட் வர வேண்டும். வயர் துண்டிக்கப்பட்டால் எர்த் கிடைக்காது, கருவி வேலை செய்ய மறுத்துவிடும். அழகான பாதுகாப்பு ஏற்பாடு. ஆனால் எல்இடி பின்விளக்கில் இழை கிடையாது, அந்த எர்த்தும் கிடைப்பதில்லை. அதனால் ஐந்து கால் ரிலே ஒன்றை, அதாவது மின்சாரத்தால் மாறும் சுவிட்சை, இடையே வைத்தோம். சாதாரண நிலையில் அதன் 87ஏ கால் வழியாகக் கருவிக்கு எர்த் போகும். பிரேக் பிடித்ததும் ரிலே மாறி 87-ஆம் கால் வழியாக 12 வோல்ட் கொடுக்கும். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ரிலேயின் சுருளுக்கு வரும் வயர் அறுந்துபோனால், ரிலே அசையாமல் எர்த்தைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். பிரேக் பிடித்தது கருவிக்குத் தெரியவே தெரியாது. ஆகவே ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் சாவியைத் திருப்பி, எஞ்சினை இயக்கும் முன், முன் பிரேக்கை ஒருமுறை, பின் பிரேக்கை ஒருமுறை பிடித்து, இருக்கைக்கு அடியிலிருந்து 'டிக்' என்ற ஒலி இரண்டு முறையும் வருகிறதா என்று கேட்டுக்கொள்கிறேன். வராவிட்டால் அன்று குரூஸ் கிடையாது.

கிளட்ச் லிவரின் சுவிட்சும் கணினியோடு இணைக்கப்பட்டிருக்கிறது. ஒருவேளை அந்தச் சுவிட்ச் பழுதாகியிருந்தாலும், எஞ்சினின் சுழற்சி திடீரென எகிறுவதைக் கண்டு கருவி விட்டுவிடும். இவை தவிர, இணைப்புப் பெட்டிக்குள் இருக்கும் ஒரு சிறிய சுவிட்ச் எனக்கு மிகவும் பிடித்தது: பிடியை மூடிய நிலைக்கும் சற்று அப்பால் முன்னோக்கித் திருகினாலே குரூஸ் விடுபடும். பதற்றத்தில் எந்த ஓட்டுநரும் இயல்பாகச் செய்யும் முதல் அசைவு ஆக்சிலேட்டரை மூடுவதுதான். அந்த அசைவையே கட்டளையாக ஏற்கும் வசதி இல்லாத கருவியை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

சாலையில் அது எப்படி நடந்துகொள்கிறது என்றால், மதுரையிலிருந்து திருநெல்வேலி வரையிலான நேரான பகுதியில் குறையே சொல்ல முடியாது. வேகம் ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள்தான் அசையும். பணகுடிக் காற்றிலும் எஞ்சின் ஏறி இறங்கிச் சமாளிக்கும் ஒலி கேட்கிறதே தவிர வேகம் மாறுவதில்லை. வேலைக்குத் திரும்பிவரும்போது கிருஷ்ணகிரியிலிருந்து சூளகிரி வழியாக ஓசூருக்கு ஏறும் பாதையில், பின்னால் ஆளும் பக்கப் பெட்டிகளும் இருந்தால், ஆறாவது கியரில் ஆக்சிலேட்டர் அதிகம் திறந்து, உறிஞ்சு குழாயில் வேக்குவம் குறைந்து, இயக்கியின் இழுவை தளர்வதை உணரலாம். வேக்குவத்தைச் சேர்த்துவைக்கும் சேமிப்புக் கலம் சிறிது நேரம் தாங்கும். ஐந்தாவது கியரில் ஏறுவதே நல்லது. மின்மோட்டார் இயக்கிக்கு இந்தச் சிக்கல் இல்லை. மலைப்பாதை அதிகம் ஓட்டுபவர் அதையே தேர்ந்தெடுக்கலாம்.

இறக்கம் வேறு கதை. தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும் தொப்பூர் கணவாய், பாரம் ஏற்றிய லாரிகள் பிரேக் பிடிக்காமல் மோதும் விபத்துகளுக்குப் பெயர்பெற்றது. குரூஸ் கண்ட்ரோல் ஆக்சிலேட்டரை மூடத்தான் முடியும், பிரேக் போட முடியாது; அந்தச் சரிவில் குறித்த வேகத்தைத் தாண்டி வண்டி ஓடும். கணவாய் தொடங்கும் முன்பே அணைத்துவிட்டு, கியரைக் குறைத்து, எஞ்சின் பிடியில் இறங்குவதே என் வழக்கம்.

நம் சாலைக்கு இதெல்லாம் சரிப்பட்டு வருமா என்று பலர் ஐயப்படுகிறார்கள். நடுத்திட்டு இடைவெளியில் திடீரெனத் திரும்பும் டிராக்டர், எதிர்த்திசையில் வரும் மொபெட், சாலையைக் கடக்கும் ஆடுமாடு, நாய் எல்லாம் நானும் பார்ப்பவைதான். ஆனால் குரூஸ் ஓடும்போது வலக்கைக்கு ஆக்சிலேட்டரைப் பிடித்திருக்கும் வேலை இல்லை. ஆகவே இரண்டு விரல்களை எப்போதும் பிரேக் லிவர் மேலேயே வைத்திருக்க முடிகிறது. மரத்துப்போகாத அந்த விரல்கள் பிரேக்கைத் தொட்டதும் குரூஸ் விடுபடுகிறது. கையை எடுத்துத் தொடையில் வைத்துக்கொண்டு போவதற்கான கருவியாக இதை நினைப்பவர் தயவுசெய்து வாங்க வேண்டாம். கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் ஊர்களுக்குள்ளும் நான் இதை இயக்குவதே இல்லை.

'ரெஸ்யூம்' பொத்தானைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முன்பு குறித்த வேகத்துக்கு வண்டியை அதுவே கொண்டுபோகும். சுங்கச்சாவடியைக் கடந்து தாழ்ந்த கியரில் போகும்போது அதை அழுத்தினால், நினைத்ததைவிட முரட்டுத்தனமாக வண்டி பாயும். வேகத்தைக் கையால் எட்டிவிட்டுப் புதிதாகக் குறிப்பதே பாதுகாப்பானது. மழையில் குரூஸ் கூடவே கூடாது: சென்சார் முன்சக்கரத்தில் இருந்தால், ஈரத்தில் பின்சக்கரம் வழுக்கிச் சுழல்வது கருவிக்குத் தெரியாது, பின்சக்கரத்தில் இருந்தாலும், நம் கை உணரும் முன்பே ஆக்சிலேட்டர் திறப்பதும் மூடுவதுமாக இருக்கும்.

நீண்டகாலப் பயன்பாட்டில் வந்த குறைகள் பெரும்பாலும் சிறியவை. மேடுபள்ளத்தில் குரூஸ் தானாக விடுபடத் தொடங்கியபோது காரணம் பின் பிரேக் சுவிட்சின் திருகுமரை என்று தெரிந்தது. அது மிக இறுக்கமாக இருந்ததால், மிதி இலேசாக அதிர்ந்தாலே விளக்கு எரிந்தது. பிரேக் பேட் பிடிக்கும் முன் விளக்கு எரிய வேண்டும், ஆனால் மிதி துள்ளுவதற்கெல்லாம் எரியக் கூடாது; அந்த இடைவெளியைக் கண்டுபிடித்ததும் சரியாயிற்று. எஞ்சின் சூட்டில் வேக்குவம் குழாய் வெடித்து, ஐட்லிங் தடுமாறியது; உள்ளூரில் கிடைத்த தரமான குழாயை மாற்றினேன். பின்சக்கரக் காந்தத்தில் செயின் எண்ணெயும் இரும்புத்தூளும் ஒட்டிக்கொள்வதால், செயின் சுத்தம் செய்யும்போதெல்லாம் அதையும் துடைக்கிறேன். தண்ணீர் புகும் இணைப்பிகளுக்கு ஆண்டுக்கொருமுறை மின்காப்பு கிரீஸ் அவசியம்.

ஹிமாலயன் 450, ட்ரையம்ஃப் ஸ்பீடு 400 போன்ற வண்டிகளில் ஆக்சிலேட்டர் கேபிளே இல்லை. பிடியின் அசைவை சென்சார் அளந்து, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியுவுக்குச் சொல்கிறது. அவற்றுக்கான கருவிகள் அந்த சென்சாருக்கும் ஈசியுவுக்கும் நடுவே செருகப்படுபவை. பொருத்துவது எளிது, ஆனால் எஞ்சினுக்குப் போகும் கட்டளையின் நடுவிலேயே மூன்றாம் ஆளை உட்கார வைக்கிறோம் என்பதால் வாரண்டி நிபந்தனைகளை முதலில் படித்துவிட வேண்டும். புதிதாக வண்டி வாங்கப்போகிறவர், 2023-இல் வந்த டிவிஎஸ் அப்பாச்சி ஆர்டிஆர் 310 போல, தொழிற்சாலையிலேயே குரூஸ் கண்ட்ரோலோடு வருவதைப் பார்ப்பது நல்லது. ஏற்கெனவே பொருத்தியவர்கள், காப்பீட்டைப் புதுப்பிக்கும்போது கருவியின் மதிப்பை மின்சாதனத் துணைப்பொருள்களுக்கான, ஐஎம்டி 24 எனப்படும் மோட்டார் காப்பீட்டுப் பிரிவில் எழுத்தில் தெரிவித்துவிடலாம். கழற்றிய அசல் கேபிளை நான் எண்ணெய் தடவி, உறையிலிட்டு வைத்திருக்கிறேன். வண்டியை விற்கும் நாளில் வாங்குபவர் வேண்டாம் என்றால், ஒரு பகல் வேலையில் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிட முடியும்.