வீல்மேப்: வார்டை அளக்கக் கிளம்பும் மாணவர்களுக்கு எவ்வளவு தூரம் உதவும்?

பெர்லினைச் சேர்ந்த சோசியல்ஹெல்டன் அமைப்பு 2010-இல் தொடங்கிய இலவச இணைய வரைபடம் வீல்மேப். ஓட்டல், மருந்துக்கடை, நூலகம் என எந்த இடத்துக்குள் சக்கர நாற்காலி போகும், எங்கே போகாது என்பதை நிறத்தால் காட்டுகிறது. நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் ஊர்வலம், உறுதிமொழி என்று நிற்காமல் உருப்படியாக ஒரு வேலை செய்ய இது நல்ல கருவி.

வாசலில் படியே இல்லாமல், உள்ளே எல்லா அறைக்கும் படியேறாமல் போக முடிந்தால் பச்சை. 7 செ.மீ.க்கு மிகாத ஒரே படி, முக்கிய அறைகளுக்குப் படி இல்லை என்றால் மஞ்சள். மற்றதெல்லாம் சிவப்பு. கழிப்பறைக்குத் தனிக் குறி: கதவு 90 செ.மீ. அகலம், உள்ளே திரும்ப 150-க்கு 150 செ.மீ. காலியிடம், கைப்பிடி எல்லாம் வேண்டும். அந்தச் சதுரத்தைச் சாக்பீஸால் தரையில் வரைந்து பாருங்கள். துடைப்பமும் வாளியும் அடைத்துக்கொண்டிருந்தால் அது காலியிடம் இல்லை.

அதிகம் தப்பு நடப்பது வாசலில்தான். கடை முன்னால் பைக் ஏற்றப் போட்ட சிமென்ட் சரிவைப் பார்த்ததும் பிள்ளைகள் பச்சை கொடுத்துவிடுகிறார்கள். நம் நாட்டு விதிப்படி சாய்தளம் 1:12. அதாவது 15 செ.மீ. உயரத்துக்கு 180 செ.மீ. நீளம் வேண்டும். அதே உயரத்துக்கு இரண்டடிச் சரிவு மட்டும் இருந்தால் நாற்காலி பின்னால் கவிழக்கூடும். “நாங்களே தூக்கி விட்டுடுவோம் தம்பி” என்று கடைக்காரர் அன்பாகச் சொன்னாலும் சிவப்பு சிவப்புதான். கண்ணால் மதிப்பிடாமல் டேப் வைத்து அளக்க வேண்டும். குழுவை நடத்துபவர் சக்கர நாற்காலி பயன்படுத்தும் ஒருவராக இருப்பது அவசியம். எந்த இடத்தில் தொடங்குவது என்பதையும் அவரே முடிவு செய்யட்டும்.

பெரிய குறை ஒன்று உண்டு. சாக்கடைக்கு மேல் மூன்று படி வைத்துக் கட்டிய நம் கடைவீதிகளில் வரைபடம் முழுக்கச் சிவப்பாகிவிடும். 10 செ.மீ. படியும் 60 செ.மீ. படியும் ஒரே நிறம். எதை எளிதாகச் சரிசெய்யலாம் என்று நிறத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் படி எண்ணிக்கை, உயரம், கதவு அகலம், தேதி நான்கையும் தனி நோட்டில் எழுதி, போட்டோவும் எடுத்துவைக்க வேண்டும். பார்வையற்றோர், காதுகேளாதோர் தேவைகளையும் இந்த நிறங்கள் சொல்லாது.

அந்த நோட்டுதான் பிறகு மனுவாகும். ஊராட்சியில் ஆண்டுக்கு ஆறு கிராம சபை. 18 வயது ஆகாதவர்கள் அதில் உறுப்பினர் இல்லை என்பதால், வாக்காளர் பட்டியலில் உள்ள பெரியவர் ஒருவர் பெயரில் கொடுங்கள். ரேஷன் கடை, ஆரம்ப சுகாதார நிலையம், வாக்குச்சாவடிப் பள்ளி மூன்றையும் முதலில் வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் எத்தனை அடிச் சாய்தளம் வேண்டும் என்று கணக்குப் போட்டே எழுதுங்கள்.