மூல அறுவை சிகிச்சைக்குக் காத்திருக்கும் நாள்களில் சிட்ஸ் பாத் தொட்டி: ஒரு மதிப்பீடு

மூலத்துக்கு அறுவை சிகிச்சை செய்துவிடலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்ட பிறகு, அதற்கான தேதி வரும்வரை நோயாளி எப்படி நாள்களைக் கடத்துகிறார் என்பதைப் பற்றி மருந்துச் சீட்டில் அதிகம் எழுதியிருப்பதில்லை. தேதி குறித்தாயிற்று என்பதற்காக நோய் அடங்கியிருப்பதுமில்லை. காலைக்கடன் ஒவ்வொரு முறையும் பயத்தோடு தொடங்குகிறது. வெளியே தள்ளிய சதையை விரலால் உள்ளே அனுப்ப வேண்டியிருக்கிறது. உள்ளாடையில் கறை படுமோ என்ற கவலையில் வெளிர்நிற உடைகளையே ஒதுக்கிவிடுகிறோம். நீண்ட நேரம் உட்கார வேண்டிய இடங்களில் ஏதாவது காரணம் சொல்லி எழுந்து நிற்கிறோம். இப்படிக் காத்திருப்பவர்களுக்கென்று விற்கப்படும் பொருள்கள் பல. அவற்றுள் வாங்கியதற்கு முழுப் பலன் தந்தது என்று நான் உறுதியாகச் சொல்லக்கூடிய ஒன்று, கழிப்பறைப் பீங்கானின் மேல் வைத்துப் பயன்படுத்தும் எளிய பிளாஸ்டிக் சிட்ஸ் பாத் (ஆசனவாய்ப் பகுதி நனையும்படி வெதுவெதுப்பான நீரில் உட்காரும் குளியல்) தொட்டிதான்.

எந்த நிறுவனத்தின் பெயரில் வந்தாலும் இதன் அமைப்பு ஏறக்குறைய ஒன்றே. அகன்ற விளிம்பும் ஆழம் குறைந்த குழியும் கொண்ட இந்தத் தொட்டியில் சுமார் 2 லிட்டர் நீர் பிடிக்கும். வெஸ்டர்ன் டாய்லெட்டின் இருக்கையைத் தூக்கிவிட்டு, பீங்கான் விளிம்பின் மேல் இதைப் பதித்து, வெதுவெதுப்பான நீரை ஊற்றி, அதில் உட்கார வேண்டும். நாம் உட்காரும்போது மேலே எழும் நீர் வெளியேறுவதற்காக விளிம்பையொட்டிச் சில துளைகள் இருக்கும். அந்த நீர் பீங்கானுக்குள்ளேயே விழும்படி தொட்டியைத் திருப்பி வைத்தால் தரை நனையாது. வாங்கும்போது நான் முதலில் பார்க்கச் சொல்வது விளிம்பைத்தான். மலிவான தொட்டிகளில் அச்சில் வார்த்த இடத்தில் கூரான பிசிறு நின்றுவிடுகிறது. ஏற்கெனவே நொந்துபோயிருக்கும் இடத்துக்கு அருகில் அந்தப் பிசிறு உரசுவதைத் தாங்க முடியாது. விளிம்பு முழுவதும் விரலை ஓட்டிப் பார்த்து, வழவழப்பாக இருந்தால் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு எடையைத் தாங்கும் என்று பெட்டியில் குறித்திருப்பதையும் படித்துவிட வேண்டும்.

வெந்நீரில் உட்கார்ந்தால் வலி ஏன் குறைகிறது என்பது புரிந்தால், இந்தத் தொட்டியிடம் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பதும் தெளிவாகும். உள்மூலம் உருவாகும் பகுதியில் வலி உணரும் நரம்புகள் இல்லாததால், இரத்தம் போனாலும் அது பெரும்பாலும் வலிப்பதில்லை. கடுமையான வலி இருக்கிறது என்றால், வெளிமூலத்தில் இரத்தம் உறைந்திருக்கலாம், அல்லது ஆசனவாயில் வெடிப்பு ஏற்பட்டிருக்கலாம். வெடிப்பு வந்தவர்களுக்கு, மலம் வெளியேறியவுடன் ஆசனவாயின் உட்சுருக்குத் தசை இறுகிக்கொள்கிறது. அந்த இறுக்கமே வலியை மணிக்கணக்கில் நீட்டிக்கிறது, புண்ணுக்குப் போகும் இரத்த ஓட்டத்தையும் குறைக்கிறது. வெதுவெதுப்பான நீர் அந்தத் தசையைத் தளர்த்துகிறது என்பதே இந்தக் குளியலின் அடிப்படை. எனவே மலம் கழித்த உடனே உட்காருவதுதான் மிகுந்த பலன் தரும் நேரம். அன்றாடம் நான் உணர்வதும் இதுவே: உட்கார்ந்த சில நிமிடங்களில் உள்ளே பிடித்துவைத்த பிடி விட்டதுபோல் ஒரு தளர்வு வருகிறது, அதன்பிறகு அடுத்த சில மணி நேரம் வேலையில் கவனம் செலுத்த முடிகிறது.

நீரின் சூடு பற்றி மிகுந்த கவனம் தேவை. உடல் வெப்பத்தையொட்டி, 37 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் போதும். முழங்கையை நீரில் வைத்துப் பார்க்கும்போது இதமாக இருக்க வேண்டுமே தவிர, சுரீரென்று இருக்கக் கூடாது. வலி மிகுந்திருக்கும்போது இன்னும் கொஞ்சம் சூடாக ஊற்றினால் நல்லது என்று மனம் சொல்லும். அதைக் கேட்க வேண்டாம். சர்க்கரை நோயால் நரம்புகள் பாதிக்கப்பட்டு உணர்ச்சி குறைந்தவர்கள் வெப்பமானி வைத்து அளந்துகொள்வதே பாதுகாப்பு. 10 முதல் 15 நிமிடங்கள், நாளுக்கு இரண்டு மூன்று முறை என்பது மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் அளவு. கல்லுப்போ கிருமிநாசினியோ சோப்போ சேர்க்க வேண்டியதில்லை, மருத்துவர் சொன்னால் ஒழிய. கிருமிநாசினி சேர்த்தால் தோல் வறண்டு அரிப்பு கூடுகிறது. முடிந்ததும் மென்மையான துணியால் ஒற்றி எடுக்க வேண்டும்; தேய்க்கக் கூடாது. எழும்போது சுவரையோ கைப்பிடியையோ பிடித்துக்கொண்டு மெதுவாக எழ வேண்டும், ஏனெனில் வெந்நீரில் இரத்தக் குழாய்கள் விரிந்திருப்பதால் சிலருக்குத் தலை சுற்றும்.

இந்தத் தொட்டியின் உண்மையான குறை, நீர் சீக்கிரம் ஆறிவிடுவது. ஆழம் குறைவு, பரப்பு அதிகம் என்பதால் இது தவிர்க்க முடியாதது. அதைச் சரிசெய்யவென்றே சில தொட்டிகளுடன் ஒரு நீர்ப்பையும் குழாயும் கொடுக்கிறார்கள். பையில் வெந்நீரை நிரப்பி உயரத்தில் மாட்டி, குழாயின் முனையைத் தொட்டியின் அடிப்பள்ளத்தில் செருகி, கவ்வியைத் திறந்தால் நீர் கீழிருந்து சுழன்று வரும் என்பது ஏற்பாடு. நான் வாங்கியதில் கவ்வி சரியாக இறுகவில்லை, பையைத் தொங்கவிடத் தோதான உயரத்தில் கொக்கியும் கழிப்பறையில் இல்லை. அருகில் ஒரு குவளை வெந்நீர் வைத்துக்கொண்டு, இடையில் சற்று எழுந்து நின்று கொஞ்சம் சேர்த்துக் கலந்துவிட்டு மறுபடி உட்காருவது இதைவிட எளிது. ஆகவே பை, குழாய்க்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. மடக்கி வைக்கும் வகைத் தொட்டிகள் பயணத்துக்கு வசதிதான், ஆனால் மடிப்புகளில் அழுக்குத் தங்குகிறது, உட்காரும்போது விளிம்பு லேசாக ஆட்டம் காண்கிறது. வலியோடு உட்காருபவருக்கு ஆடாத விளிம்பு மிக முக்கியம்.

நடுவில் ஓட்டை உள்ள வளைய மெத்தையையும் பலர் சேர்த்து வாங்குகிறார்கள். வளையத்தின் நடுப்பகுதி தாங்குதல் இல்லாமல் தொங்குவதால் அங்கே வீக்கம் கூடலாம் என்று சில மருத்துவர்கள் அதைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். எனக்கும் அது உதவவில்லை. அதற்குப் பதில், கழிப்பறையில் காலடியில் வைக்க ஒரு சிறு முக்காலி வாங்கலாம். முழங்கால் இடுப்புக்கு மேலே உயர்ந்தால் மலம் இறங்கும் பாதை நேராகி, முக்க வேண்டிய தேவை குறைகிறது.

இவ்வளவு பாராட்டினாலும், இந்தத் தொட்டி நோயைத் தீர்ப்பதில்லை. புண்ணை விரைவாக ஆற்றுகிறது என்பதற்கு ஆய்வுகளில் வலுவான சான்று இல்லை. பயன்படுத்துபவருக்கு இதம் தருகிறது என்பதே இதன் மதிப்பு. கையால் தள்ளினால்தான் உள்ளே போகும் மூன்றாம் நிலை மூலத்தையும், தள்ளினாலும் போகாத நான்காம் நிலை மூலத்தையும் எந்த வெந்நீரும் சுருக்கிவிடாது. இதமாக இருக்கிறதே என்று அறுவை சிகிச்சைத் தேதியைத் தள்ளிப்போடுபவர்களைப் பார்த்து வருந்துகிறேன். மலம் இறுகாமல் பார்த்துக்கொள்ளாவிட்டால் தொட்டியில் எத்தனை முறை உட்கார்ந்தாலும் மறுநாள் காலை அதே வலிதான். போதிய நீர், நார்ச்சத்து, மருத்துவர் சொன்ன மலமிளக்கி ஆகியவையே முதன்மையானவை. இரத்தம் நிற்காமல் போனாலும், மலம் கறுப்பாகப் போனாலும், காய்ச்சலோ மயக்கமோ வந்தாலும், காரணமில்லாமல் எடை குறைந்தாலும் தேதிக்காகக் காத்திராமல் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். மூலம் இருக்கிறது என்று தெரிந்தவர்களுக்குத்தான், போகும் இரத்தமெல்லாம் மூலத்தால்தான் என்று எண்ணி வேறு நோயைக் கவனிக்காமல் விட்டுவிடும் ஆபத்து அதிகம்.

பலர் பேசத் தயங்கும் ஒன்றையும் சொல்ல வேண்டும். மற்றவர்களோடு பகிர்ந்துகொள்ளும் கழிப்பறையில் இந்தத் தொட்டியை எங்கே வைப்பது என்பது சிறிய கேள்வி அல்ல. யார் கண்ணிலும் படக் கூடாது என்று ஈரத்தோடு பையில் சுற்றி அலமாரிக்குள் ஒளித்தால் அதில் பூஞ்சை பிடிக்கும். சோப்புப் போட்டுக் கழுவி, காற்றோட்டமான இடத்தில் கவிழ்த்து உலர வைக்க வேண்டும். ஒருவருடையதை மற்றவர் பயன்படுத்தக் கூடாது. இவை இரண்டையும் ஒழுங்காகச் செய்ய வேண்டுமென்றால், உடன் இருப்பவர்களில் ஒருவருக்காவது விஷயம் தெரிந்திருக்க வேண்டும். ‘எனக்கு மூலம் இருக்கிறது, ஆபரேஷன் வரைக்கும் இதில் உட்கார வேண்டும்’ என்று நேராகச் சொல்லிவிட்டால் காலையில் கழிப்பறைக் கதவை யாரும் தட்டமாட்டார்கள், வெந்நீர் வைத்துக் கொடுக்கவும் ஆள் கிடைக்கும். இது பெரியவர்களில் ஏராளமானோருக்கு வரும் நோய். உங்கள் பேச்சைக் கேட்பவரே தமக்கும் இருப்பதைச் சொல்லக்கூடும்.

வெஸ்டர்ன் டாய்லெட் இல்லாதவர்களுக்கு இந்தத் தொட்டி பயன்படாது. அவர்கள் தரையில் வைத்து உட்காரக்கூடிய அகலமான பிளாஸ்டிக் டப்பை இதற்கென்று தனியாக ஒதுக்கிக்கொள்ளலாம். அதில் நீர் அதிகம் பிடிப்பதால் சூடும் கூடுதல் நேரம் நிற்கும், ஆனால் மூட்டு வலி உள்ளவர்களுக்கு அதிலிருந்து எழுவது சிரமம். மற்றவர்கள், தேதி எவ்வளவு அருகில் இருந்தாலும், நீர்ப்பை இல்லாத, மடங்காத, சாதாரணத் தொட்டி ஒன்றை இப்போதே வாங்கலாம். அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய முதல் வாரங்களிலும் இதே குளியலைப் பல மருத்துவர்கள் பரிந்துரைக்கிறார்கள். எந்த நாளிலிருந்து தொடங்கலாம் என்பதை மட்டும் உங்கள் அறுவை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.