பெய்ஜிங்கைச் சுற்றிப் பார்க்க: கொடிக்குப் பின்னால் போவதா, நாமே போவதா?

பெய்ஜிங் போக நினைக்கும் தம்பதிக்கு மூன்று வழிகள் உண்டு. ஊரிலேயே பணம் கட்டி முழுப் பேக்கேஜில், கைடு தூக்கிப் பிடிக்கும் கொடிக்குப் பின்னால் குரூப்போடு போகலாம். டிக்கெட்டும் ஓட்டலும் மட்டும் போட்டுக்கொண்டு மற்றதை நாமே பார்த்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் தனி கைடும் காரும் வைத்துக்கொள்ளலாம். கடைசி வழியைப் பற்றிப் பேச அதிகம் இல்லை. சொகுசுதான், ஆனால் மொத்தச் செலவும் இரண்டே பேர் தலையில் விழும். கூட இன்னொரு ஜோடி சேர்ந்தால் யோசிக்கலாம். நிஜமான போட்டி முதல் இரண்டுக்கும் நடுவில்தான்.

என் ஓட்டு தனியாகப் போவதற்கு. ஆனால் எல்லா நாளுக்கும் அல்ல, எல்லாத் தம்பதிக்கும் அல்ல.

முதலில் அரண்மனை. 1420-இல் கட்டி முடித்த தடைசெய்யப்பட்ட நகரத்தைப் பெரும்பாலான குரூப்கள் ஒரே மாதிரிதான் பார்க்கின்றன. தெற்கு வாசலில் நுழைந்து, நடுக்கோட்டிலேயே நேராக நடந்து, மூன்று பெரிய மண்டபங்களின் முன்னால் போட்டோ எடுத்து, தோட்டத்தை எட்டிப் பார்த்துவிட்டு வடக்கு வாசல் வழியாக வெளியே வந்து பஸ் ஏறுவது. நல்ல கைடு அமைந்தால் அதுவும் வீண் இல்லை. அந்த மூன்றில் கடைசியான பாவோஹே மண்டபத்தின் பின்படிக்கட்டு நடுவில், டிராகன்கள் செதுக்கிய ஒரே கல் சரிவாகக் கிடக்கும். பதினாறு மீட்டருக்கு மேல் நீளம், இருநூறு டன்னுக்கு மேல் எடை. இப்படிப்பட்ட கற்களைக் குளிர்காலத்தில் பாதையில் தண்ணீர் ஊற்றி உறையவைத்து, அந்தப் பனிக்கட்டி மேல் வழுக்கியே இழுத்து வந்தார்கள். யாராவது சொன்னால்தான் அந்த இடத்தில் நிற்கத் தோன்றும், இல்லாவிட்டால் அழகான படிக்கட்டு என்று தாண்டிப் போய்விடுவோம்.

தனியாகப் போனால் நடுக்கோட்டை விட்டுக் கிழக்கே திரும்பலாம். அங்கே பொக்கிஷக் கூடத்துக்குத் தனியாக 10 யுவான் டிக்கெட். உள்ளே 1772-இல் எழுப்பிய ஒன்பது டிராகன் சுவர் இருக்கிறது, மொத்தம் 270 பளபளப்பான ஓடுகள். இடமிருந்து மூன்றாவதாக இருக்கும் வெள்ளை டிராகனின் வயிற்றைக் கிட்டப் போய்ப் பாருங்கள். ஒரு பகுதி மட்டும் மங்கலாக, வேறு நிறத்தில் தெரியும். அது ஓடு இல்லை, மரம். சூளையில் ஓடு உடைந்துபோக, தலைக்குப் பயந்த கைவினைஞர் ஒருவர் இரவோடு இரவாக மரத்தில் செதுக்கி வண்ணம் பூசி ஒட்டிவிட்டார் என்று கதை. அதே பக்கம் வடகோடியில் ஒரு சின்னக் கிணறு. 1900-இல் அயல்நாட்டுப் படைகள் நகருக்குள் நுழைந்தபோது, ஓடிப்போவதற்கு முன் பேரரசி சிஷீ, சக்கரவர்த்தியின் பிரியமான துணைவி ஜென்னை இதில் தள்ளச் சொன்னதாகச் சொல்கிறார்கள். நாற்பது பேரைக் கட்டி மேய்க்கும் கைடு இங்கெல்லாம் வர மாட்டார், அவரைக் குறை சொல்லவும் முடியாது.

ஆனால் நுழைவுச் சீட்டு விஷயத்தில் குரூப்தான் ஜெயிக்கும். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை 60 யுவான், மற்ற மாதங்களில் 40. காசு பெரிதில்லை, கிடைப்பதுதான் பாடு. பாஸ்போர்ட் எண் கொடுத்து ஆன்லைனில் முன்பதிவு செய்ய வேண்டும், ஏழு நாளைக்கு முன்னால்தான் திறக்கும். விடுமுறைக் காலத்தில் திறந்த சூட்டோடு தீர்ந்துவிடும். தியானன்மென் சதுக்கத்துக்குள் நுழையவும் முன்பதிவு வேண்டும். போனை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டப் பொறுமை இல்லாதவர்கள், இந்த ஒரு காரணத்துக்காகவே குரூப்பை எடுத்தாலும் தப்பில்லை.

அடுத்தது பெருஞ்சுவர். இங்கே கேள்வியே வேறு: எந்தச் சுவர்? மலிவான குரூப் டூர்கள் பெரும்பாலும் பாதாலிங் என்ற பகுதிக்குப் போகும். அதோடு மிங் வம்சச் சக்கரவர்த்திகளின் கல்லறைகள், நடுவில் ஜேட் என்ற அலங்காரக் கல் விற்கும் ஒரு கடை. பாதாலிங்கில் சுவர் அகலம், கைப்பிடி உண்டு, வயதானவர்களுக்கு நல்லது. 1972-இல் அமெரிக்க அதிபர் நிக்சன் வந்து நின்றதும் இங்கேதான். கூட்டம் மட்டும் சொல்லி மாளாது. ஒரு நாளைக்கு 65,000 பேர்தான் என்று 2019-இல் வரம்பு வைத்தார்கள் என்றால் மற்றதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். அந்த வருடக் கடைசியில் அதிவேக ரயிலும் வந்துவிட்டது. பாதாலிங் ஸ்டேஷன் தரைக்கு நூறு மீட்டருக்கும் கீழே இருக்கிறது, அந்த எஸ்கலேட்டரில் மேலே வருவதே ஒரு அனுபவம். ஆகவே பாதாலிங் போதும் என்பவர்களுக்குக் குரூப் பஸ் தேவையே இல்லை.

சுவரின் இன்னொரு பகுதியான மூத்தியன்யூ அப்படி இல்லை. நகரிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர், ரயில் கிடையாது. உள்ளூர் பஸ் பிடித்து ஹுவாய்ரோவில் மாற வேண்டும். வழியில் யாரோ ஒருவர் பஸ்ஸுக்குள் ஏறி, சுவருக்கு இங்கேதான் இறங்க வேண்டும் என்று அடித்துச் சொல்லி இறக்கிவிட்டு, தன் காரில் ஏற்றிக் காசு பிடுங்குவது அங்கே பழைய வித்தை. ஆனால் இடம் அருமை. இரண்டு பக்கமும் காடு, கூட்டம் குறைவு. இருக்கை லிஃப்டில் ஏறிப் போய், சறுக்கு வண்டியில் வளைந்து வளைந்து இறங்கலாம். 2014-இல் மிஷெல் ஒபாமாவே அப்படித்தான் இறங்கினார். இந்த ஒரு நாளுக்கு மட்டும், கடை நிறுத்தம் இல்லாத பஸ் டூர் ஒன்றில் இரண்டு சீட்டு வாங்கிவிடுங்கள். காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பி வந்தால் அப்புறம் அந்தக் குரூப்புக்கும் நமக்கும் சம்பந்தமில்லை.

இனி அந்தக் கடை நிறுத்தங்கள். நம்ப முடியாத விலைக்குப் பேக்கேஜ் கிடைத்தால் மீதிப் பணம் இங்கிருந்துதான் வரும். ஜேட் தொழிற்சாலை என்பார்கள். வாசலில் ஒரு பெண் நல்ல ஜேட்டை எப்படிக் கண்டுபிடிப்பது என்று பத்து நிமிடம் சொல்லித் தருவார். அப்புறம் கதவு திறந்தால் கால்பந்து மைதானம் அளவுக்கு ஷோரூம், வெளியே போகும் வழி மறுகோடியில். பட்டுக் கடையும் டீக்கடையும் இதே ரகம். பாத மசாஜ் இலவசம் என்று உட்காரவைத்தால், வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் வந்து நாடி பிடிப்பார், நாக்கை நீட்டச் சொல்வார், நமக்கே தெரியாத வியாதிக்கு மூலிகை எழுதுவார். 2013-இல் வந்த சீனச் சுற்றுலாச் சட்டம், அடிமாட்டு விலைக்கு ஆள் பிடித்துவந்து கடையில் தள்ளுவதைத் தடை செய்கிறது. அப்படி வாங்கவைத்த பொருளை 30 நாளுக்குள் திருப்பித் தரவும் வழி வைத்திருக்கிறது. ஊர் திரும்பியபின் அதற்காக யார் அலைவது? பணம் கட்டும் முன்பே, கடை நிறுத்தம் எத்தனை என்று எழுத்தில் கேட்டு வாங்குவதுதான் புத்திசாலித்தனம்.

தனியாகப் போகிறவர்களுக்கும் வலை உண்டு. வாங்ஃபூஜிங் கடைத்தெருப் பக்கம் இனிமையாக ஆங்கிலம் பேசும் இளைஞர்கள், டீ குடித்துக்கொண்டே பேசலாம் என்று கூப்பிட்டால், சிரித்துக்கொண்டே நடையைக் கட்டுங்கள். பில் பார்த்தால் மயக்கம் வரும்.

சாப்பாட்டில் சைவர்கள் குரூப்போடு போவதே நிம்மதி. நம் ஊர் ஏஜென்சிகள் ஒரு வேளையாவது இந்திய உணவகத்துக்குக் கூட்டிப் போவார்கள். தனியாகப் போனால், காய்கறி என்று நம்பி வாங்கிய தட்டிலும் சிப்பி சாஸோ பொடியாக நறுக்கிய பன்றி இறைச்சியோ இருக்கலாம். அசைவர்களுக்குக் கணக்கு தலைகீழ்: குரூப்பின் சுழல் மேஜையில் எட்டுப் பேருக்கு ஒரு வாத்து வரும், ஆளுக்கு இரண்டு துண்டு கிடைத்தால் அதிர்ஷ்டம்.

போன் விஷயம் எல்லோருக்கும் பொது. கூகுளும் வாட்ஸ்அப்பும் அங்கே ஓடாது, ஆனால் நம் ஊர் சிம்மின் ரோமிங்கில் பொதுவாக ஓடும். தெருவில் தண்ணீர் பாட்டில் வாங்கக்கூட க்யூஆர் கோடுதான், அதனால் அலிபே என்ற பணம் கட்டும் ஆப்பில் நம் கார்டைச் சேர்த்துக்கொண்டே கிளம்புங்கள். அது இருந்தால் மெட்ரோவும் கைக்குள். கட்டணம் 3 யுவானிலிருந்து தொடங்கும், ஸ்டேஷன் பெயர்கள் ஆங்கிலத்திலும் இருக்கும். லாமா கோயில், சொர்க்கக் கோயில், கோடை அரண்மனை மூன்றுக்குமே பக்கத்தில் ஸ்டேஷன் உண்டு. லாமா கோயிலில் ஒற்றைச் சந்தன மரத்தில் செதுக்கிய மைத்ரேயர் (இனி வரப்போகும் புத்தர்) சிலை, தரைக்கு மேலேயே 18 மீட்டர். அண்ணாந்து பார்க்கக் கழுத்து வலிக்கும்.

தம்பதிகளுக்கென்றே ஒரு கணக்கும் இருக்கிறது. கல்யாணமாகி எத்தனை வருடமானாலும், பார்த்தது போதும் என்று இருவருக்கும் ஒரே நேரத்தில் தோன்றுவதில்லை. தனியாகப் போனால் ஒருவர் கோடை அரண்மனை ஏரிக்கரையில் உட்கார்ந்துகொள்ள, மற்றவர் 728 மீட்டர் நீண்ட நடைக்கூடத்தில் உத்தரத்து ஓவியங்களை நிதானமாகப் பார்க்கலாம். குரூப்பில் அந்த வசதி இல்லை. ஆனால் அங்கே வழி தவறினால் திட்ட ஒரு கைடு இருப்பார். தனியாகப் போனால் ஒருவரையொருவர்தான் திட்டிக்கொள்ள வேண்டும், அதற்கும் மனம் தயாராக இருக்கட்டும்.

விசாவில் சிங்கப்பூர், மலேசிய பாஸ்போர்ட்காரர்களுக்குக் கவலை இல்லை, 30 நாள் வரை விசாவே வேண்டாம். இந்திய பாஸ்போர்ட்டுக்கு வேண்டும். ஏஜென்சி குரூப் விசா எடுத்தால் குழுவோடு சேர்ந்து நுழைந்து சேர்ந்தே வெளியேற வேண்டும். டூர் முடிந்ததும் இரண்டு நாள் தங்கிப் பார்க்கலாம் என்ற எண்ணம் இருந்தால் தனி விசாவே கேளுங்கள்.

எது எடுத்தாலும் அக்டோபர் முதல் வாரத்தைத் தவிருங்கள், சீனாவே விடுமுறையில் கிளம்பும் வாரம் அது. பேக்கேஜ்தான் என்று முடிவு செய்தால், ஏஜென்சி தரும் நாள்வாரித் திட்டத்தில் முதலில் திங்கட்கிழமையைப் பாருங்கள். பொது விடுமுறை தவிர எல்லாத் திங்களும் அரண்மனை மூடியிருக்கும். அன்றைக்கு அரண்மனை என்று போட்டிருந்தால் வேறு ஏஜென்சி தேடுங்கள்.