துணி அருமை, சைஸை மட்டும் நம்ப முடியவில்லை

துணியைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆன்லைனில் மட்டும் விற்கிற ஒரு கடையில் வாங்கிய காட்டன் பேன்ட் இது. கொஞ்சம் ஸ்ட்ரெச் கலந்தது, நல்ல கனம், தையல் ஒரு இடத்திலும் பிசிறடிக்கவில்லை, பாக்கெட்டில் மொபைல் முழுதாக உள்ளே போகிறது (பெண்களுக்கான பேன்ட்டில் இதெல்லாம் எவ்வளவு அபூர்வம் என்று வாங்குகிறவர்களுக்குத் தெரியும்). அப்படியிருந்தும் ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம்தான் கொடுக்கிறேன். முழுக்க முழுக்க சைஸுக்காகத்தான்.

நீலத்தில் ஒன்று, கறுப்பில் ஒன்று வாங்கினேன். ஒரே மாடல், ஒரே கட், இரண்டின் டேக்கிலும் 32. நீலத்தைப் போட்டால் இடுப்பில் ஒரு கை தாராளமாக நுழைகிறது, நடந்தால் கீழே இறங்குகிறது. கறுப்பு தொடைக்கு மேல் ஏறவே மாட்டேன் என்கிறது. இரண்டையும் மேசையில் விரித்து, பட்டனைப் போட்டு, சுருக்கமில்லாமல் நீவிவிட்டு டேப் வைத்து அளந்தேன். நீலத்தின் இடுப்பு 87 செ.மீ., கறுப்பு 82.5. தொடையில் நீலம் 62, கறுப்பு 57.5. 32 இஞ்ச் என்றால் 81 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். அதாவது டேக்கில் இருக்கும் எண் இந்த இரண்டு பேன்ட்டில் எதன் அளவும் இல்லை. நாலரை சென்டிமீட்டர் என்பது கிட்டத்தட்ட ஒரு சைஸ் வித்தியாசம், அதுவும் ஒரே நாளில் ஒரே பெட்டியில் வந்த இரண்டு பேன்ட்டுக்கு நடுவில்.

கடையின் பக்கத்தில் சைஸ் சார்ட் இருக்கிறது. 32-க்கு நேராக 81 என்று போட்டிருக்கிறார்கள். அது என் இடுப்பின் அளவா, பேன்ட்டின் அளவா என்று எங்குமே எழுதவில்லை. இது சின்ன விஷயமில்லை. உடம்பின் அளவும் உடுப்பின் அளவும் வேறு வேறு, உட்கார எழ வேண்டுமென்றால் உடுப்பில் சில சென்டிமீட்டர் லூஸ் விட்டுத்தான் தைப்பார்கள், ஸ்ட்ரெச் துணியாக இருந்தால் உடம்பைவிடக் குறைவாகக்கூட வெட்டுவார்கள். அப்புறம், இடுப்பு என்று எந்த இடத்தைச் சொல்கிறார்கள்? தொப்புளுக்கு மேலே ஒடுங்கும் இடத்தையா, பேன்ட் உட்காரும் இடுப்பெலும்பையா? எனக்கு இந்த இரண்டு இடத்துக்கும் நிறையவே வித்தியாசம் இருக்கிறது. ஒரு படம் போட்டு ஒரு கோடு இழுத்துக் காட்டினால் முடிந்துபோகிற விஷயம், அதைக்கூடச் செய்யவில்லை.

கஸ்டமர் கேரில் மரியாதையாகத்தான் பேசினார்கள், அதை மறைக்கவில்லை. "கறுப்புக்கு ஒரு சைஸ் கூட எடுங்கள்" என்று சொல்லி எக்ஸ்சேஞ்ச் செய்து கொடுத்தார்கள். 34 வந்தது. இடுப்பு தொளதொள, தொடை அப்போதும் பிடிக்கிறது. இது ஏன் நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் "ஒரு சைஸ் கூட எடுங்கள்" என்ற அறிவுரை என்னைப் போல இடுப்பு சிறுத்துத் தொடை பெருத்தவர்களுக்கு எப்போதுமே உதவாது. கம்பெனியில் முதலில் ஒரே ஒரு சைஸுக்குத்தான் பேட்டர்ன் (துணியை வெட்டுவதற்கான மாதிரி) வரைகிறார்கள், அந்த அளவில் இருக்கும் ஒரு மாடலுக்குப் போட்டுப் பார்த்துச் சரிசெய்கிறார்கள். மற்ற சைஸ் எல்லாம் அதிலிருந்து கணக்குப் போட்டு வளர்ப்பவை. இடுப்பில் இத்தனை, சீட்டில் (பின்புறச் சுற்றளவில்) இத்தனை, தொடையில் அதைவிடக் குறைவாக இத்தனை என்று ஒரு விதி இருக்கும், அதன்படி எல்லாச் சைஸும் பெருகும். ஆக, அந்த முதல் ஆளின் உடம்பு வாகு உங்களுக்கு இல்லையென்றால் 28-லும் இல்லை, 40-லும் இல்லை. எண்ணைக் கூட்டினால் அதே வாகு பெரிதாகும், உங்கள் வாகு வராது.

சரி, அது வாகு சம்பந்தப்பட்டது. ஒரே எண் போட்ட இரண்டு பேன்ட் எப்படி மாறும்? தொழிற்சாலையில் துணியைப் பல அடுக்காகப் போட்டு மெஷின் கத்தியால் மொத்தமாக வெட்டுகிறார்கள். கத்தி கொஞ்சம் சாய்ந்தால் மேல் அடுக்கும் கீழ் அடுக்கும் ஒரே அளவில் வராது. தைக்கும்போது ஒருவர் ஓரத்தில் கொஞ்சம் கூடப் பிடிப்பார், இன்னொருவர் குறைவாகப் பிடிப்பார், பேன்ட்டில் நீளத் தையல் எத்தனை இருக்கிறதோ அத்தனை இடத்திலும் இந்த வித்தியாசம் சேர்ந்துகொண்டே போகும். இதற்கெல்லாம் இடம் கொடுத்துத்தான் சுற்றளவில் ஒரு சென்டிமீட்டர் முன்னே பின்னே இருந்தாலும் பாஸ் என்று வைத்திருப்பார்கள். ஒரு பேன்ட் ஒரு சென்டிமீட்டர் கூடியும் இன்னொன்று ஒரு சென்டிமீட்டர் குறைந்தும் பாஸ் ஆனால் அதிலேயே இரண்டு சென்டிமீட்டர் போய்விட்டது.

நிறத்துக்கும் இதில் பங்கு உண்டு. பருத்தி நூலை நெசவின்போதும் அதற்குப் பிறகும் இழுத்துப் பிடித்தே வைத்திருக்கிறார்கள், தண்ணீரும் சூடும் பட்டதும் அது தன் பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கும், அதைத்தான் சுருங்குகிறது என்கிறோம். இதற்காகவே துணியை வெட்டுவதற்கு முன்பே இயந்திரத்தில் அழுத்திச் சுருக்கிவிடும் முறையை சான்ஃபோர்டு கிளூயெட் என்பவர் கண்டுபிடித்து 1930-இல் காப்புரிமை வாங்கினார், சட்டையிலும் ஜீன்ஸிலும் பார்க்கும் 'சான்ஃபரைஸ்டு' என்ற பெயர் அவரிடமிருந்து வந்ததுதான். ஆனால் தைத்து முடித்த பேன்ட்டை மறுபடி சூடான சாயத்தில் போட்டு எடுத்தால் அது இன்னொரு முறை சுருங்க வாய்ப்பு இருக்கிறது. என் கறுப்பு பேன்ட்டின் உள்தையல் நூல், பாக்கெட் துணி, லேபிளின் ஓரம் எல்லாமே கறுப்பாக இருக்கின்றன, நீலத்தில் இவை வெள்ளை. கறுப்பைத் தைத்த பிறகுதான் சாயம் போட்டிருக்கிறார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. இது கடைக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம், கறுப்பை மட்டும் தனியாக அளந்து தனி சார்ட் போடுவதில் என்ன கஷ்டம்?

இதைவிட என்னைக் கோபப்படுத்துவது எண்களின் கதைதான். அமெரிக்காவில் விவசாயத் துறை 1939, 1940 ஆகிய இரண்டு வருடங்களில் ஏறக்குறைய 15,000 பெண்களை ஆளுக்கு 59 இடங்களில் அளந்து 1941-இல் அறிக்கை வெளியிட்டது. வெள்ளைக்காரப் பெண்களின் அளவுகளை மட்டுமே அந்தக் கணக்கில் சேர்த்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும், மற்ற உடம்புகள் அப்போதே விடுபட்டுப்போயின. அந்த அளவுகளை வைத்துத்தான் 1958-இல் ஒரு தரநிலை வந்தது. அதில் சைஸ் 8 என்றால் மார்பு 31 இஞ்ச், இடுப்பு 23.5 இஞ்ச். 1983-இல் அரசு அந்தத் தரநிலையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதற்குப் பிறகு யாரும் யாரையும் கேட்பதற்கில்லை. வாங்குகிறவருக்குச் சந்தோஷமாக இருக்கட்டும் என்று பெரிய உடுப்புக்குச் சின்ன எண் போடுவது வழக்கமானது. 1958-இன் அந்த 8, 2011-இல் தனியார் அமைப்பு ஒன்று வெளியிட்ட அட்டவணையின் 00-ஐ விடச் சின்னது! பூஜ்யமே போதாமல் இரட்டைப் பூஜ்யம் வரை போயிருக்கிறார்கள்.

இன்னொரு பக்கம் ஐரோப்பாவில் இஎன் 13402 என்று ஒரு தரநிலை இருக்கிறது. ஒரு உடம்பின் கோட்டுப்படத்தைப் போட்டு, மார்பு இத்தனை, இடுப்பு இத்தனை, உயரம் இத்தனை என்று சென்டிமீட்டரில் டேக்கிலேயே எழுதச் சொல்கிறது. எந்த நாட்டில் யார் படித்தாலும் புரியும். ஆனால் அதைப் பின்பற்ற வேண்டும் என்ற கட்டாயம் இல்லாததால் பெரும்பாலான டேக்குகளில் இன்னும் எஸ், எம், எல் என்ற எழுத்துதான் இருக்கிறது. எம் என்றால் எத்தனை சென்டிமீட்டர் என்பது அந்தந்தக் கம்பெனி நினைப்பதுதான்.

இதே கடையில் ஒரு சட்டையும் வாங்கினேன், அதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. எம் போட்டிருக்கிறது, மார்பு சரியாக இருக்கிறது, கைக்குழி இறுக்கம், கையை மேலே தூக்கினால் சட்டை முழுதும் கூடவே எழும்புகிறது. திருப்பி அனுப்பிவிட்டேன்.

ட்ரையல் ரூமில் நின்று ஒரு பேன்ட் ஏறவில்லை என்றதும் முகம் வாடி வெளியே வருகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். என் தங்கை அப்படி வந்து, இனிமேல் இரவில் சாப்பிடப்போவதில்லை என்றாள். போன மாதம் வாங்கிய பேன்ட்டில் அவள் என்ன எண்ணோ அதே எண்தான் அன்றும் ஏறவில்லை, உடம்பு அப்படியேதான் இருந்தது. தப்பு அந்தத் துணியை வெட்டினவர்களுடையது, அவளுடையது இல்லை. வளர்கிற பிள்ளைகளிடம் இதை யாராவது தெளிவாக எடுத்துச் சொல்ல வேண்டும் என்று எனக்கு உண்மையாகவே ஆதங்கம்.

நான் இப்போது வாங்கும் முறை இதுதான். வீட்டில் இருப்பதிலேயே நன்றாகப் பொருந்தும் ஒரு பேன்ட்டை விரித்து இடுப்பு, சீட், தொடை, முன்பக்கம் பட்டனிலிருந்து கவட்டுத் தையல் வரை, அங்கிருந்து கால் நுனி வரை என்று அளந்து மொபைலில் எழுதி வைத்திருக்கிறேன். உடம்பை அளப்பதைவிட இது நம்பகமானது, ஏனென்றால் எவ்வளவு லூஸ் பிடிக்கும் என்பதும் அந்த அளவிலேயே இருக்கிறது. கடையில் உடுப்பின் அளவு போடவில்லையென்றால் மெயில் அனுப்பிக் கேட்கிறேன், சில கடைகள் அந்தப் பீஸையே எடுத்து அளந்து சொல்கிறார்கள், அவர்களிடம் மறுபடி மறுபடி வாங்குகிறேன். எதைச் சரிசெய்ய முடியும், எதை முடியாது என்பதையும் தெரிந்துகொண்டால் நல்லது. இடுப்பைப் பிடிப்பது, நீளத்தைக் குறைப்பது எல்லாம் டெய்லருக்குச் சின்ன வேலை. தொடையைப் பெரிதாக்க உள்ளே துணி விட்டிருக்க வேண்டும், ரெடிமேடில் பெரும்பாலும் விடுவதில்லை. சட்டையில் தோள்பட்டையும் கைக்குழியும் அப்படித்தான், அங்கே கை வைத்தால் மொத்தமாகப் பிரித்துத் தைக்க வேண்டிவரும். அதனால் பேன்ட்டுக்குத் தொடையும் சட்டைக்குத் தோளும் சரியாக வருவதைத்தான் எடுக்க வேண்டும், எண் எதுவாக இருந்தாலும்.

அந்தக் கணக்கில் நீலத்தை வைத்துக்கொண்டேன். டெய்லர் அண்ணன் பின்பக்கம் நடுத்தையலைப் பிரித்து, பட்டியோடு சேர்த்துப் பிடித்துக் கொடுத்தார், இப்போது ஒரு குறையும் இல்லை. ஆனால் இந்தக் கூடுதல் செலவும் அலைச்சலும் இருக்கும் என்று தெரிந்தே வாங்குங்கள். கறுப்பை எந்தச் சைஸிலும் எடுக்க வேண்டாம், அவர்கள் தனி அளவு போடும்வரை.

ரிட்டர்ன் விதியையும் கவனியுங்கள். போடாத, துவைக்காத, டேக் கிழிக்காத உடுப்பைத்தான் திரும்ப எடுப்பார்களாம். ஆனால் துவைத்தால்தானே அது எவ்வளவு சுருங்கும் என்று தெரியும்? இதைக் கேட்டதற்கு இன்றுவரை பதில் வரவில்லை. அதனால் பார்சல் வந்த அன்றே, டேக் இருக்கும்போதே டேப்பை வைத்து அளந்துவிடுங்கள். காட்டன் என்றால் தொடையில் ஓரிரண்டு சென்டிமீட்டர் கூடுதலாக இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் அப்படியே மடித்துத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.