எபிரேயம், கிரேக்கம் படிக்க: எதற்குக் காசு, எதற்கு நேரம்?

வேதாகமத்தை மூலமொழியில் படிக்க வேண்டும் என்ற ஆசை சிங்கப்பூர்த் தமிழ்ச் சபைகளில் நிறையப் பேருக்கு உண்டு. வேதபாடம் எடுக்கும் அண்ணன், ஞாயிறு பள்ளி நடத்தும் அக்கா, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர், யாராக இருந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "எந்த சாஃப்ட்வேர் வாங்கலாம்?" என்னைக் கேட்டால் அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. முதலில் இலக்கணம், அப்புறம் ஒரு நல்ல அகராதி, அதற்குப் பிறகுதான் செயலி.

அப்பர் புக்கித் தீமா ரோட்டில் உள்ள டிரினிட்டி இறையியல் கல்லூரியிலோ, ஆடம் ரோட்டில் உள்ள சிங்கப்பூர் வேதாகமக் கல்லூரியிலோ முறையாகச் சேர்ந்தவர்களுக்கு இந்த அலசல் தேவைப்படாது. அங்கே ஆசிரியர் சொல்லும் புத்தகம்தான் புத்தகம். வேலை, குடும்பம், எம்ஆர்டி பயணம் என்று ஓடிக்கொண்டே தாங்களாகப் படிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் ஸ்ட்ராங்ஸ் எண்களைப் பற்றிப் பேசிவிடலாம், ஏனென்றால் பெரும்பாலோர் அங்கேதான் தொடங்குகிறார்கள். 1890-ல் வந்த இந்தச் சொல்லடைவுத் தொகுப்பு எபிரேயச் சொற்களுக்கு 8,674 வரையும் கிரேக்கச் சொற்களுக்கு 5,624 வரையும் எண் கொடுத்தது. ஒரு சொல் வேறு எந்த வசனங்களில் வருகிறது என்று தேட இன்றும் இது நல்ல வழி. ஆனால் எண்ணுக்கு எதிரே இருக்கும் சின்ன விளக்கத்தை அகராதி என்று நம்பி, அதில் நாலு பொருள் இருந்தால் பிரசங்கத்துக்குத் தோதான ஒன்றை எடுத்துக்கொள்வது பெரிய ஆபத்து. போதாததற்கு, அந்த எண்கள் கிங் ஜேம்ஸ் ஆங்கில வேதாகமத்தை வைத்துக் கட்டப்பட்டவை. தமிழ் வேதாகமம் வைத்திருப்பவர் அதற்கு ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும்.

சரி, இலக்கணம். கிரேக்கத்துக்கு இரண்டு பெயர்கள் திரும்பத் திரும்ப அடிபடும்: 1923-ல் வந்த மேச்சென், 1993-ல் வந்த மவுன்ஸ். மேச்சென் சுருக்கம், கறார். வினைச்சொல்லை ஆரம்பத்திலேயே கொடுத்து, வாய்பாடுகளை மனப்பாடம் செய்யச் சொல்லி, ஆங்கில வாக்கியங்களைக் கிரேக்கத்தில் எழுதவும் வைப்பார். மவுன்ஸ் பெயர்ச்சொற்களை முழுதாக முடித்துவிட்டு, புத்தகத்தின் பாதிக்குப் பக்கத்தில் போனபிறகே வினைக்கு வருவார். பயிற்சிகளில் உண்மையான வேத வசனங்களே நிறைய வரும். பொறுமை இல்லாதவர்களுக்கு மேச்சென்தான் வேகம் என்று தோன்றும்.

இருந்தாலும் தமிழர்களுக்கு மவுன்ஸைத்தான் சொல்வேன், அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அவர் ஒவ்வொரு வினையையும் உறுப்பு உறுப்பாகப் பிரித்துக் காட்டி ஒரு பெரிய அட்டவணையில் போடுகிறார். 'எலூசமென்' என்றால் 'எ' இறந்தகாலத்துக்கான முன்னொட்டு, 'லூ' பகுதி, 'ச' காலம் காட்டும் உறுப்பு, 'மென்' தன்மைப் பன்மை விகுதி. பள்ளியில் பகுபத உறுப்பிலக்கணம் படித்த யாருக்கும் இது புதிதல்ல. 'அவிழ்த்தோம்' என்பதை அவிழ் + த் + த் + ஓம் என்று பிரித்த அதே வேலைதான். வேற்றுமையும் அப்படியே. ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் நான்காம் வேற்றுமை என்ற ஒன்று இருப்பதையே புதிதாகக் கற்க வேண்டும். நாம் எட்டு வேற்றுமை படித்துவிட்டு வருகிறோம், கிரேக்கத்தில் விளியையும் சேர்த்து ஐந்துதான். மவுன்ஸ் ஆங்கில மாணவர்களுக்காகப் பக்கம் பக்கமாக எழுதிய முன்விளக்கங்களைத் தயங்காமல் தாண்டிப் போகலாம்.

சொற்களைப் பற்றிய கணக்கும் ஊக்கம் தரும். புதிய ஏற்பாட்டில் ஏறத்தாழ 5,400 வெவ்வேறு சொற்கள் உண்டு. ஆனால் 50 தடவைக்கு மேல் வருபவை 300 சொச்சம்தான், அவையே மொத்தச் சொற்பயன்பாட்டில் ஐந்தில் நான்கு பங்குக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். மவுன்ஸ் கற்பிப்பது அந்தச் சொற்களைத்தான்.

எபிரேயத்தில் போட்டி வேறு மாதிரி. 1939-ன் வைன்கிரீன் பழைய பள்ளிக்கூட வாசனை அடிக்கும் நம்பகமான புத்தகம். 1971-ன் லாம்ப்டின் கூர்மையானவர், ஆனால் ரோமன் எழுத்துப்பெயர்ப்பை நிறையப் பயன்படுத்துவதால் எபிரேய எழுத்துகளோடு பழக்கம் தாமதமாகும். 2001-ல் வந்த பிராட்டிகோ, வான் பெல்ட் இருவரின் புத்தகம் மவுன்ஸின் பாணி: பெரிய எழுத்து, தனிப் பயிற்சிநூல், நிறைய விளக்கம். இந்த மூன்றில் தனியாகப் படிப்பவருக்குக் கடைசியானதே வசதி.

ஆனால் மூன்றையும் விட நான் முதலில் கைகாட்டுவது ஒரு புத்தகத்தை அல்ல. 'ஆலெஃப் வித் பெத்' என்ற இலவச யூடியூப் பாடங்கள் 2020-ல் தொடங்கின. ஆசிரியை படத்தையும் பொருளையும் காட்டி எபிரேயத்தில் மட்டுமே பேசுவார், இடையில் ஆங்கிலம் கிடையாது. நமக்கு இது சாதாரண விஷயம் அல்ல. இங்கே நான் ஒப்பிடும் புத்தகம் ஒவ்வொன்றும் ஆங்கிலத்தின் வழியாகவே எபிரேயத்துக்குக் கூட்டிப் போகிறது. இந்தப் பாடங்களில் மட்டும் ஆங்கிலம் சரளமாக வராத ஆச்சியும் பல்கலைக்கழகம் போகும் பேத்தியும் ஒரே பெஞ்சில் உட்காரலாம். குறையும் உண்டு: இலக்கணப் பெயர்கள் மெதுவாகவே வரும் என்பதால், அகராதியைத் திறக்கும்போது அதிலுள்ள சுருக்கக்குறிகள் புரியாமல் திணறுவீர்கள். அதற்குப் பிராட்டிகோ புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எபிரேய வினையில் பிறவினைப் பொருள் தரும் 'ஹிஃபில்' வடிவத்துக்கு அது நீண்ட விளக்கம் தரும்போது பயப்பட வேண்டாம். திருந்தினான், திருத்தினான் என்ற வித்தியாசம் தெரிந்தவருக்குப் பாதி வேலை முடிந்தது.

இனி அகராதி. பணம் உண்மையில் இங்கேதான் போகும், பேச வேண்டியதும் இங்கேதான் அதிகம்.

எபிரேயத்தில் மூன்று பெரிய பெயர்கள். பிரௌன், டிரைவர், பிரிக்ஸ் மூவரும் செய்து 1906-ல் வந்த பிடிபி. ஜெர்மனில் கோலரும் பாம்கார்ட்னரும் தொடங்கி வைத்து, ஆங்கிலத்தில் 1994 முதல் 2000 வரை ஐந்து தொகுதிகளாக வந்த ஹாலட். ஷெஃபீல்டில் கிளைன்ஸ் தலைமையில் 1993-ல் தொடங்கி எட்டுத் தொகுதிகளாக வளர்ந்த அகராதி. பிடிபி காப்புரிமை முடிந்து இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஹாலட் சில நூறு வெள்ளி. கிளைன்ஸ் அகராதி சவக்கடல் சுருள்களையும் கல்வெட்டுகளையும் பென் சீரா என்ற பழைய யூத ஞானநூலையும் சேர்த்துக்கொள்ளும் ஆராய்ச்சிக் கருவி. வீவக வீட்டில் அதற்கு அலமாரியும் கிடையாது, நமக்கு அதன் அவசியமும் இல்லை.

பிடிபியில் ஒரு சொல்லைத் தேடிப் பார்த்தால் அதன் குணம் புரிந்துவிடும். பலிபீடத்துக்கு எபிரேயம் 'மிஸ்பேயஹ்'. முதல் எழுத்து மேம் என்று அங்கே போனால் விளக்கம் இருக்காது. அது 'ஸ-ப-ஹ' என்ற வேரின் கீழ் இருக்கிறது, முன்னால் இருக்கும் 'மி' வெறும் முன்னொட்டு. வேர் தெரியாத புதியவருக்கு இது எரிச்சல். தெரிந்துகொண்டு போனால் பலியிடுதல், பலி, பலிபீடம் மூன்றும் ஒரே பக்கத்தில் குடும்பமாக நிற்கும். ஹாலட் அகரவரிசை, நேராக மேமுக்குப் போனால் போதும்.

அதே குடும்பப் பக்கம் ஆளைக் கவிழ்க்கவும் செய்யும். வனாந்தரத்துக்கான 'மித்பார்' பிடிபியில் 'வார்த்தை' என்று பொருள்படும் 'தாபார்' நிற்கும் வேரெழுத்துகளின் கீழேயே வருகிறது. உடனே "வனாந்தரத்தில்தான் தேவ வார்த்தை கேட்கும்" என்று ஒரு பிரசங்கம் பிறந்துவிடும். எழுத்து ஒன்றாக இருப்பதால் பொருள் ஒன்றாகிவிடாது.

வயதும் ஒரு விஷயம். சிரியாவின் ராஸ் ஷம்ராவில், எபிரேயத்துக்கு உறவான உகரித் மொழிப் பலகைகள் 1929-ல் தோண்டி எடுக்கப்பட்டன. சவக்கடல் சுருள்கள் 1947 முதல் வெளிவந்தன. இரண்டையும் பிடிபி பார்த்ததே இல்லை. ஆகவே அதில் உறவுமொழிகளைக் காட்டிச் சொல்லும் சொற்பிறப்பு விளக்கங்களை அப்படியே நம்ப முடியாது. ஆனால் ஒரு சொல் எந்த முன்னிடைச்சொல்லோடு, எந்த வகை வாக்கியத்தில், எந்த வசனங்களில் வருகிறது என்று வகைபிரித்துக் காட்டுவதில் அந்த மூவரின் உழைப்பு இன்னும் நிற்கிறது. அதனால்தான் எபிரேயத்தில் இலவசத்தோடு நீண்ட காலம் ஓட்டலாம் என்கிறேன்.

கிரேக்கத்தில் அதே வாதம் எடுபடாது. இணையத்தில் இலவசமாக எங்கும் கிடைக்கும் தேயர் 1886-ல் வந்தது. எகிப்தின் மணலிலிருந்து கிடைத்த சாதாரண ஜனங்களின் கடிதங்கள், ரசீதுகள், ஒப்பந்தங்களை வைத்துப் புதிய ஏற்பாட்டுக் கிரேக்கத்தை ஜெர்மன் அறிஞர் டைஸ்மன் விளக்கத் தொடங்கியது 1895-ல். வேதாகமத்துக்கே உரிய தனிச்சொற்கள் என்று தேயர் பட்டியலிட்டவற்றில் பல, கடைத்தெருவில் புழங்கிய சொற்கள் என்று அதற்குப் பிறகுதான் தெரியவந்தது. எபிரேயத்தில் பழைய அகராதி குறைபாடுள்ள துணை. கிரேக்கத்தில் பழைய அகராதி அந்த மொழி எப்படிப்பட்டது என்ற எண்ணத்தையே மாற்றிவிடும்.

எனவே ஒரே ஒரு புத்தகத்துக்குக் காசு செலவழிப்பதானால் அது பிடிஏஜி: பாவரின் ஜெர்மன் அகராதியிலிருந்து வளர்ந்து, டேங்கர் திருத்தி 2000-ல் வெளியிட்ட மூன்றாம் பதிப்பு. ஒற்றை இணைச்சொல்லோடு நிறுத்தாமல் முழு வாக்கியத்தில் பொருள் சொல்வது இதன் பெரிய முன்னேற்றம். விலை நூறு வெள்ளிக்கு மேல். வெளிநாட்டுக் கடையில் வாங்கினால் 9 விழுக்காடு ஜிஎஸ்டியும் சேரும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பழைய புத்தகமாகக் கிடைத்தால் எந்தப் பதிப்பு என்று பார்க்கவும். 1979-ன் இரண்டாம் பதிப்பு மலிவாகவே வரும். அதுவும் தேயரை விட எவ்வளவோ மேல். வாங்கியபின் நம்மூர் ஈரக்காற்றில் பூஞ்சை பிடிக்காமல் பார்த்துக்கொள்வது உங்கள் பாடு. காசே செலவழிக்க முடியாது என்றால் 1922-ன் ஆபட்-ஸ்மித் இலவசம், சிறியது, கடிதச் சான்றுகளைக் கண்டு எழுதியது.

லோவும் நைடாவும் 1988-ல் செய்த அகராதி வேறு ஜாதி. சொற்களை அகரவரிசையில் இல்லாமல் 93 பொருட்களங்களில் அடுக்கியது, மொழிபெயர்ப்பாளர்களுக்காகச் செய்தது. ஒரே கருத்துக்கு அருகருகே நிற்கும் சொற்களை ஒப்பிட அருமை, முதல் அகராதியாக உதவாது.

மூலப் பாடத்தில் குழப்பம் குறைவு. கிரேக்கத்தில் நெஸ்லே-ஆலந்தின் 28-ஆம் பதிப்பும் (2012) ஐக்கிய வேதாகமச் சங்கங்களின் ஐந்தாம் பதிப்பும் (2014) ஒரே பாடம்தான், அடிக்குறிப்புதான் வித்தியாசம். முன்னது நிறைய பாடபேதங்களை, அதாவது கையெழுத்துப் பிரதிகளுக்கு இடையிலான வேறுபாடுகளை, சுருக்கமாகத் தரும். பின்னது மொழிபெயர்ப்பைப் பாதிக்கும் சிலவற்றை மட்டும் விரிவாகத் தந்து, எந்தப் பாடம் எவ்வளவு உறுதி என்று அ முதல் ஈ வரை போல நான்கு தரங்களில் மதிப்பிடும். எபிரேயத்தில் 1008-ன் லெனின்கிராட் கையெழுத்துப் பிரதியை அச்சிடும் ஷ்டுட்கார்ட் பதிப்பு போதும். பாடத்தை மட்டும் வாசிக்க ஜெர்மன் வேதாகமச் சங்கத்தின் தளத்தில் கட்டணம் இல்லை. காசு கொடுப்பதானால் அபூர்வச் சொற்களுக்கு அதே பக்கத்தின் அடியில் பொருள் தரும் வாசகர் பதிப்பை வாங்குங்கள். வரிக்குக் கீழே வரி ஆங்கிலம் போட்ட புத்தகங்கள் கண்ணை ஆங்கிலத்திலேயே நிறுத்திவிடும்.

கடைசியாக செயலி. கேம்பிரிட்ஜின் டிண்டேல் ஹவுஸ் தரும் ஸ்டெப் பைபிள் இலவசம். சொல்லின் மேல் விரல் வைத்தால் வேரும் இலக்கணக் குறிப்பும் வரும். லோகோஸ் ஒரு பெரிய நூலகம், ஆனால் அதன் தொகுப்புகளில் நீங்கள் பணம் கொடுப்பது பெரும்பாலும் ஆங்கில விளக்கவுரைகளுக்கு. அக்கார்டன்ஸ் மூலமொழித் தேடலுக்காகவே பேர் வாங்கியது. இவற்றோடு போட்டி போட்ட பைபிள்வொர்க்ஸ் 2018-ல் கடையை மூடிவிட்டது. நிறுவனத்தோடு செயலியும் போகலாம் என்பதால் பிடிஏஜியைத் தாளில் வாங்கச் சொல்கிறேன். பிலிப்பியர் நிருபத்தில் வரும் ஏவல் வினைகளில் நிகழ்கால வடிவம் எத்தனை, செயலை முழுமையாகக் காட்டும் அயோரிஸ்ட் வடிவம் எத்தனை, அவற்றில் எதிர்மறை எவை என்று எண்ணிப் பார்க்கும் ஆசை உங்களுக்குத் தானாக வரும்போது அக்கார்டன்ஸுக்குக் காசு கொடுங்கள். அதுவரை ஸ்டெப் போதும்.