முதல் வேலை நிழல்: கடற்கரை பாப்-அப் டென்ட் பற்றி

சின்னப் பிள்ளைகளோடு கோடை விடுமுறைக்குக் கடலோரம் போகிறவர்கள் பெரும்பாலும் தங்கும் அறை, பயணச்சீட்டு என்றுதான் திட்டத்தை ஆரம்பிக்கிறார்கள். நான் நிழலிலிருந்து ஆரம்பிக்கச் சொல்வேன். நிழல் எங்கே, எத்தனை மணி வரை என்பது முடிவானால் எந்தக் கரை, எந்த நேரம், அறை எவ்வளவு பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதும் அதோடு முடிவாகிவிடும். மணற்கரை பலவற்றில் மரமே கிடையாது, வாடகைக்குக் குடை கிடைக்கும் என்று நம்பிப் போனால் அது எல்லா நாளும் கிடைக்காது, ஆகவே நிழலை நாமே தூக்கிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. அதற்காக வாங்கியதுதான் இந்த பாப்-அப் டென்ட்: உறையிலிருந்து எடுத்து விட்டால் தானே விரிந்து நிற்கும், மூன்று பக்கமும் துணி, முன்பக்கம் திறப்பு, அடியில் தரைவிரிப்பும் சேர்த்துத் தைத்தது. நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை, இதே அமைப்பில் பல பெயர்களில் விற்கிறார்கள், எதை வாங்கினாலும் பார்க்க வேண்டியவை ஒன்றுதான்.

கைக்குழந்தையோ பகலில் தூங்கும் வயதுப் பிள்ளையோ இருந்தால் தயங்காமல் வாங்கலாம். ஆனால் இது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

வெயிலைத் தடுக்கும் வேலையை நன்றாகவே செய்கிறது. துணியில் யூபிஎஃப் 50+ என்று போட்டிருந்தால், விழும் புற ஊதாக் கதிரில் ஐம்பதில் ஒரு பங்கு, அதாவது 2 சதவீதத்துக்கு மேல் துணி வழியாக உள்ளே வராது என்று அர்த்தம். அந்த எண்ணை மட்டும் பார்த்து நம்ப வேண்டாம், எந்தத் தரப்படி சோதித்தது என்று பக்கத்தில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்தின் ஏஎஸ்/என்இசட்எஸ் 4399, ஐரோப்பாவின் ஈஎன் 13758 இரண்டும் உடைத் துணிகளுக்காக எழுதப்பட்டவை என்றாலும், இவற்றில் ஒன்றாவது குறிப்பிட்டிருந்தால் கொஞ்சம் நிம்மதி. வெறுமனே 'கதிர்த் தடுப்பு' என்று எழுதி சூரியன் படம் போட்டிருந்தால் நான் எடுக்க மாட்டேன். துணி பழசாகி நைந்தாலும், இழுபட்டு விறைத்து நின்றாலும் தடுக்கும் திறன் குறையும், அதையும் நினைவில் வைக்க வேண்டும்.

ஆனால் கூரை மட்டும் நல்லதாக இருந்தால் போதாது. கதிர் மேலேயிருந்து மட்டும் வருவதில்லை. உலர்ந்த மணல் புற ஊதாக் கதிரில் 15 சதவீதம் வரை திருப்பி அனுப்புகிறது, கடல் நுரை 25 சதவீதம் வரை அனுப்புகிறது என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. திறந்த வானத்திலிருந்து சிதறி வருவது வேறு. நிழலில் உட்கார்ந்திருந்தேன், இருந்தும் முகம் கன்றிவிட்டது என்று பெரியவர்கள் சொல்வதற்குக் காரணம் இதுதான். 2017-இல் ஜாமா டெர்மடாலஜி என்ற தோல் மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வில், உச்சி நேரத்தில் மூன்றரை மணி நேரம் கரையில் இருந்தவர்களில் குடை நிழலை மட்டும் நம்பியவர்களில் 78 சதவீதம் பேருக்குத் தோல் கன்றியது, எஸ்பிஎஃப் 100 சன்ஸ்கிரீன் மட்டும் பூசியவர்களில் 25 சதவீதம் பேருக்குக் கன்றியது. தனியாக இரண்டில் எதுவுமே போதாது என்பதைக் கவனியுங்கள். மூன்று பக்கம் மூடிய டென்ட் குடையைவிட மேல், ஏனென்றால் பக்கவாட்டு வெளிச்சத்தையும் தடுக்கிறது, இருந்தாலும் திறந்த பக்கம் திறந்த பக்கம்தான். ஆகவே முழுக்கைச் சட்டை, கழுத்தை மறைக்கும் தொப்பி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும் தண்ணீரிலிருந்து ஏறியவுடனும் சன்ஸ்கிரீன், இவை டென்ட் இருந்தாலும் வேண்டும். ஆறு மாதம் நிறையாத குழந்தைக்கு சன்ஸ்கிரீனை நம்பாமல் நிழலையும் உடையையும்தான் முதலில் நம்பச் சொல்கிறார்கள் மருத்துவர்கள், அந்த வயதுக்குத்தான் இந்த டென்ட் உண்மையிலேயே கைகொடுக்கிறது.

அடுத்தது உள்ளே ஏறும் சூடு. இதைப் பற்றி அட்டையில் ஒரு வரியும் இல்லை, எனக்கு இதில்தான் கோபம். நிழல் என்றால் குளிர்ச்சி என்று நாம் நினைத்துவிடுகிறோம், காற்று ஓடாத துணிக்கூடு வெயிலில் நின்றால் வெளியே இருப்பதைவிட உள்ளே சூடாகும். முன்பக்க ஜிப்பை இழுத்து மூடினால் உடை மாற்ற வசதி என்று விளம்பரப் படத்தில் காட்டுகிறார்கள், உடை மாற்றும் அந்தச் சில நிமிடங்களுக்குச் சரி, தூங்கும் குழந்தையை உள்ளே வைத்து மூடவே கூடாது. தள்ளுவண்டிமேல் துணியைப் போர்த்துவதிலும் இதே ஆபத்துதான். வாங்கும்போது பின்சுவரில் ஒன்று, பக்கச் சுவர்களில் ஒவ்வொன்று என்று வலைச் சன்னல்கள் இருக்கிறதா, அவை முழுதாகச் சுருட்டிக் கட்டும்படி இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே ஒரு சின்னச் சன்னல் இருந்தால் வேண்டாம். தூங்கும் குழந்தையின் பிடரியில் அடிக்கடி கையை வைத்துப் பாருங்கள், வேர்த்திருந்தால் அல்லது சுட்டால் உடனே வெளியே எடுத்து, அறைக்குத் திரும்பும் நேரம் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது திசை. டென்டின் முதுகு காற்றைப் பார்க்க வேண்டும், இல்லையென்றால் திறப்பு வழியாகக் காற்று புகுந்து தூக்கிவிடும். பகல் ஏற ஏறத் தரை சூடாகி, அதன்மேல் உள்ள காற்று மேலெழும்பி, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து காற்று வீசும், மதியத்துக்கு மேல் அது பலமாகும். அப்போது முதுகைக் காற்றுக்குக் கொடுத்தால் வாசல் கரைப் பக்கம் திரும்பிவிடும், உள்ளே இருப்பவருக்குத் தண்ணீரே தெரியாது, தண்ணீர் ஓரம் இருக்கிற பிள்ளையும் தெரியாது. இங்கேதான் பின்சுவர்ச் சன்னலின் அருமை தெரிகிறது. காலையில் நிலைமை வேறு, காற்று அடங்கியிருக்கும் அல்லது தரையிலிருந்து கடல் பக்கம் மெல்ல வீசும், வாசலைக் கடலுக்கே வைத்துக்கொள்ளலாம். கிழக்கே பார்த்த கரையாக இருந்தால் காலை வெயில் நேராக வாசலுக்குள் வரும் என்பதால் கொஞ்சம் சாய்த்துப் போட வேண்டும், மேற்கே பார்த்த கரையில் அந்தத் தொல்லை மாலையில். வெயிலும் காற்றும் ஒத்துப்போகாத நேரங்களில் நான் காற்றின் பக்கம்தான் நிற்பேன், வெயிலுக்கு வாசலில் ஒரு மெல்லிய துணி கட்டிக்கொள்ளலாம்.

அந்தக் காலைக் காற்றிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. தரையிலிருந்து கடலுக்கு வீசும் காற்றில் கடல் அமைதியாகத் தெரியும், காற்றடைத்த மிதவையோ வளையமோ பிள்ளையோடு சேர்ந்து சத்தமில்லாமல் உள்ளே நகர்ந்துவிடும். அதனால் காற்றடைத்த பொம்மைகளைக் கடலுக்குக் கொண்டுபோகவே வேண்டாம் என்பது என் முடிவு. கையில் மாட்டும் காற்றுப் பட்டைகளும் உயிர்காக்கும் சாதனங்கள் அல்ல.

காற்றில் டென்ட் நிற்பதற்குக் கூடவே தரும் குட்டி ஆணிகள் மணலில் பிடிக்காது, அவற்றை வீட்டிலேயே விட்டுவிடலாம். ஓரங்களில் மணல் நிரப்பும் பைகள் இருப்பவற்றை எடுங்கள், ஈர மணலை நிரப்பினால் இன்னும் கனமாக உட்காரும். அதுவும் போதவில்லை என்றால் ஒரு துணிப்பையில் மணலை நிரப்பி, கயிற்றைக் கட்டி, முழங்கை ஆழத்துக்குப் புதைத்துவிடுங்கள், எந்த ஆணியும் தராத பிடிப்பு கிடைக்கும். துணி படபடவென்று அடிக்க ஆரம்பித்தால், பிள்ளை தூங்கினாலும் தூங்காவிட்டாலும், மடக்கிவிட வேண்டும்.

போடும் இடத்துக்கு ஓதம் தெரிய வேண்டும். பெரும்பாலான கரைகளில் கடல் ஒரு நாளில் இருமுறை ஏறி இருமுறை வற்றும், ஓர் ஏற்றத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே சுமார் 12 மணி 25 நிமிடம், அதனால் நேரம் நாளுக்கு நாள் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றம் கூடும், வற்றலும் கூடும். ஊருக்குக் கிளம்பும் முன்பே ஓத அட்டவணையை எடுத்து, காலையில் நீர் வற்றும் நாட்களைக் குறித்துக்கொண்டால் திட்டத்தில் பாதி முடிந்தது, ஏனென்றால் சரிவு குறைந்த கரையில் நீர் வற்றும்போதுதான் சின்னவர்கள் விளையாட அகலமான ஈர மணல் கிடைக்கும். கரையில் பாசியும் சிப்பியும் ஒதுங்கிக் கிடக்கும் கோட்டைப் பாருங்கள், கடைசி ஏற்றம் அதுவரை வந்தது என்று அர்த்தம், டென்ட் அதற்கு மேலேதான் இருக்க வேண்டும். லைஃப்கார்ட் இருக்கும் கரையாகத் தேர்ந்தெடுத்து, சிவப்பும் மஞ்சளும் கலந்த கொடிகளுக்கு நடுவே உள்ள நீருக்கு நேராகப் போடுங்கள். அந்தக் கொடி பல நாடுகளில் காவல் இருக்கும் பகுதிக்கு அடையாளம், முழுச் சிவப்புக் கொடி ஏறியிருந்தால் ஆபத்து.

நிறத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை, நான் பேசுகிறேன். கரையில் பாதிப் பேர் வைத்திருப்பது நீல டென்ட். அலை சாய்வாக வந்து அடிக்கும்போது கரையோரமாகவே ஒரு நீரோட்டம் ஓடும், அது தண்ணீரில் விளையாடும் பிள்ளையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கவாட்டில் தள்ளும். பிள்ளை நிமிர்ந்து பார்க்கும்போது எதிரே இருப்பது வேறொருவர் டென்ட், அதுவும் நீலம், அழுகை வந்துவிடும். ஆரஞ்சோ பளிச்சென்ற மஞ்சளோ எடுங்கள், கிடைக்காவிட்டால் உயரமான குச்சியில் ஒரு கலர்த் துணியைக் கட்டி, போனவுடன் பிள்ளைகளிடம் காட்டி, அதுதான் நம் இடம் என்று சொல்லிவிடுங்கள். நீச்சல் உடைக்கும் இதே கணக்குதான், தண்ணீருக்குள் நீலமும் வெள்ளையும் மறைந்துபோகும், பளீர் ஆரஞ்சும் பளீர் இளஞ்சிவப்பும் தெரியும்.

இத்தனையும் சொன்ன பிறகு ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இந்த டென்ட் பெரியவர்களைப் பிரித்துவிடுகிறது. ஒருவர் உள்ளே தூங்கும் குழந்தையோடு, இன்னொருவர் தண்ணீர் ஓரம் பெரிய பிள்ளையோடு, இப்படித்தான் அமையும், அதற்குக் குறைந்தது இரண்டு பெரியவர்கள் வேண்டும். தனியாக இரண்டு பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்களுக்கு இது உதவியைவிட இழுபறிதான், ஒருவர் தூங்கும்போது இன்னொருவர் தண்ணீருக்கு ஓடினால் யாரிடம் இருப்பது? மூழ்கும் பிள்ளை கத்தாது, கையை ஆட்டிக் கூப்பிடாது, பெரும்பாலும் சத்தமே வராது. நீந்தத் தெரியாத பிள்ளை தண்ணீரில் இருக்கும்போது கை நீட்டினால் எட்டும் தூரத்தில் ஒருவர் இருக்க வேண்டும், டென்டில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பது பார்ப்பதாகவே ஆகாது. தனியாகப் போகிறவர்கள் காலையில் சீக்கிரம் போய், பத்து மணிக்குள் திரும்பி, தூக்கத்தை அறையிலேயே வைத்துக்கொள்ளட்டும், டென்ட் வாங்கும் காசைக் கரைக்குப் பக்கத்து அறைக்குப் போடலாம். இருவர் மூவராகப் போனாலும் பத்திலிருந்து நான்கு மணி வரை வெயில் கடுமை, அந்த நேரத்தை டென்டுக்குள் ஓட்டிவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள்.

மடக்குவது கஷ்டம் என்று எல்லாரும் எழுதுகிறார்கள், உண்மைதான். கம்பி வளையத்தை எட்டு போல முறுக்கி ஒன்றின்மேல் ஒன்றாகப் படிய வைக்க வேண்டும், பழகும்வரை துள்ளி முகத்தில் அடிக்கும், ஆகவே பிள்ளைகள் பக்கத்தில் நிற்கக் கூடாது. வீட்டில் பலமுறை விரித்து மடக்கிப் பழகிவிட்டுப் போங்கள், அங்கே பசியோடு அழும் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கற்றுக்கொள்ள முடியாது. மடக்கிய பின் பெரிய வட்டத் தட்டு போல ஆகும், எடை அதிகமில்லை, ஆனால் பெட்டிக்குள் போகாது. விமானத்திலோ ரயிலிலோ போகிறவர்களுக்குக் கம்பிகளைப் பிரித்து நீளமாகச் சுருட்டும் வகை மேல், விரிக்கக் கூடுதல் நேரம் ஆனாலும் பரவாயில்லை.

நான் வாங்கியதில் ஜிப்தான் முதலில் மக்கர் செய்தது. உப்பும் மணலும் பல்லுக்குள் புகுந்துவிடும். அப்புறம் ஒவ்வொரு நாளும் திரும்பியவுடன் நல்ல தண்ணீரில் ஜிப்பை அலசி, துணியை உதறி, முழுக்கக் காயவைத்துத்தான் உறையில் போடுகிறேன், ஈரத்தோடு வைத்தால் பூஞ்சை பிடிக்கும், கம்பிமேல் உள்ள பூச்சு எங்காவது உரிந்திருந்தால் அங்கே துருவும் ஏறும். உதிரி ஜிப்போ கம்பியோ தருகிறார்களா என்று நிறுவனத்திடம் கேட்டுப் பார்த்தேன், தருவதில்லை என்றார்கள். தைக்கத் தெரிந்த கடையில் கொடுத்து மாற்றியது இன்னும் நன்றாக ஓடுகிறது, வாங்குகிறவர்கள் பிளாஸ்டிக் பல் உள்ள பெரிய ஜிப்பாகப் பார்த்து எடுங்கள்.