யோக்கா, டின்னா: ஓ-ரிங் யாரிடம் இருக்கிறது?

சொந்தமாக ஸ்கூபா ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றை மூச்சுவிடத் தக்க அழுத்தத்துக்குக் குறைத்துத் தரும் கருவி) வாங்கப் போனால் கடையில் கேட்கும் முதல் கேள்வி, "யோக்கா, டின்னா?" ரெகுலேட்டரைச் சிலிண்டர் வால்வில் மாட்டும் இரண்டு முறைகள் இவை. டின் என்றதும் தகர டப்பா நினைவுக்கு வந்தால் தவறில்லை. ஆனால் இது ஜெர்மன் தரநிர்ணய நிறுவனத்தின் முதலெழுத்துச் சுருக்கம். யோக்குக்கு ஐரோப்பாவில் ஏ-கிளாம்ப் என்று பெயர். சில பெட்டிகளில் இன்ட் என்று அச்சிட்டிருக்கும்.

பலரும் இதை அழுத்த அளவுப் போட்டியாகப் பார்க்கிறார்கள்: யோக் 232 பார், டின் 300 பார், ஆகவே டின் உசத்தி. சுற்றுலா டைவிங்கில் இது கிட்டத்தட்ட அர்த்தமற்ற கணக்கு. வாடகைக்குக் கிடைக்கும் அலுமினியம் 80 சிலிண்டர் 11.1 லிட்டர், 207 பார். அதற்கு இரண்டும் தாங்கும். உண்மையான வேறுபாடு, கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதில் இருக்கிறது.

யோக்கில் அது வால்வின் முகப்பில், காற்றுத் துளையைச் சுற்றிய பள்ளத்தில் இருக்கும். அதாவது வாடகைச் சிலிண்டரோடு வரும். நேற்று யார் மாட்டினார், எத்தனை நாள் வெயிலில் கிடந்தது, உப்பு ஏறி விறைத்துவிட்டதா என்று உங்களுக்குத் தெரியாது. டின்னில் ஓ-ரிங் ரெகுலேட்டரின் நுனியில் இருக்கிறது. அது உங்கள் பொருள். பார்த்துக்கொள்வதும் மாற்றுவதும் உங்கள் கையில்.

இரண்டாவது, அதைப் பிடித்து வைத்திருக்கும் விதம். யோக் ஒரு சட்டம். வால்வைச் சுற்றிப் போட்டு, பின்னாலிருந்து ஒரு திருகால் இறுக்குகிறோம். சுமார் 14 மி.மீ. விட்டத்தில் 200 பார் அழுத்தம் தள்ளினால், ஃபர்ஸ்ட் ஸ்டேஜை (ரெகுலேட்டரில் வால்வோடு சேரும் பகுதி) வால்விலிருந்து விலக்கப் பார்க்கும் விசை 300 கிலோ எடைக்குச் சமம். அதைத் தாங்குவது அந்தச் சட்டம் மட்டுமே. கப்பல் சிதைவுக்குள்ளோ குகையிலோ கூரையில் ஓங்கி இடித்தால் சட்டம் ஒரு கணம் நெளியலாம். அந்த இடைவெளியில் ஓ-ரிங் பிதுங்கி வெளியே வந்துவிடும். காற்று சீறிக்கொண்டு போகும். டின்னில் 5/8 அங்குல மரை வால்வுக்குள்ளேயே ஏறுகிறது; ஓ-ரிங்கைச் சுற்றிலும் உலோகம், பிதுங்க வழியில்லை. தலைக்கு மேல் கூரை இருக்கும் டைவ்களுக்கு டின்னைத் தவிர வேறு பேச்சே இல்லாததற்குக் காரணம் இதுதான். படகிலிருந்து குதித்துப் பவளப்பாறை பார்த்துவிட்டு ஏறுபவருக்கு இந்த ஆபத்து மிகச் சிறியது.

யோக்கை விரல் இறுக்கத்துக்கு மேல் இறுக்க வேண்டாம். கசிவை அடைப்பது கை பலம் அல்ல, காற்றழுத்தமே ஓ-ரிங்கை அழுத்தி அடைக்கிறது. டைவ் முடிந்து திருகு அசையவில்லையென்றால் ஸ்பானர் தேடாதீர்கள். வால்வை மூடிய பின், வாயில் வைக்கும் பகுதியிலுள்ள பர்ஜ் பொத்தானை அழுத்தி உள்ளே மிஞ்சிய காற்றை விட்டுவிட்டீர்களா என்று பாருங்கள். டின்னுக்கும் இதே விதி.

டின்னுக்கும் குறைகள் உண்டு. மரையில் மணல் ஏறினால் சுற்றும்போதே கரகரக்கும். அப்படியே வலிந்து ஏற்றினால் மரை தேய்ந்துவிடும். சிலிண்டர் கீழே விழுந்தால் டின் வால்வின் வாய் நெளிந்து முட்டை வடிவமாகும், பிறகு எந்த ரெகுலேட்டரும் ஏறாது. யோக்கை வைத்து இறுக்க அரை நிமிடம் போதும். ஆடும் படகில் டின்னை நேராகப் பிடித்து ஐந்து, ஏழு சுற்று சுற்றுவது புதியவருக்கு எரிச்சல்தான்.

டின்னிலேயே இரண்டு நீளம் இருப்பது பலரைக் குழப்புகிறது. 232 பார் ரெகுலேட்டரில் 5 மரை, 300 பாரில் 7. நீளமான 300 பார் ரெகுலேட்டர் இரண்டு வால்விலும் வேலை செய்யும்; 232 வால்வில் போட்டால் கொஞ்சம் மரை வெளியே தெரியும், பயப்பட வேண்டாம். குட்டையான 232 ரெகுலேட்டரை 300 பார் வால்வில் போட்டால் ஓ-ரிங் அடித்தளத்தைத் தொடாது, திறந்ததும் காற்று சீறும். இது குறையல்ல, வேண்டுமென்றே வைத்த பூட்டு: அதிக அழுத்தச் சிலிண்டரில் குறைந்த அழுத்தக் கருவி ஏறக்கூடாது. புதிதாக வாங்குபவர் 300 பார் தலையையே வாங்கலாம்.

இரண்டையும் இணைக்கும் வழிகள் உண்டு. பல வால்வுகள் இரட்டைப் பயன்பாடு கொண்டவை: 232 பார் டின் வால்வுக்குள் ஒரு குட்டி உலோக இன்சர்ட் திருகியிருக்கும்; அது இருந்தால் யோக், 8 மி.மீ. ஆலன் கீயால் கழற்றினால் டின். (சில வகைகளுக்கு 6 மி.மீ.) காற்றை அடைத்துவிட்டு, அழுத்தம் இல்லாதபோதுதான் கழற்ற வேண்டும். மாதக்கணக்கில் கழற்றாத இன்சர்ட் உப்பில் இறுகிக் கிடக்கும். அதன் உள்பக்க ஓ-ரிங் பழுதானால் நீரில் இன்சர்ட்டைச் சுற்றிக் குமிழ் வரும். முகப்பு ஓ-ரிங்கை எத்தனை முறை மாற்றினாலும் அந்தக் குமிழ் நிற்காது. 300 பார் வால்வில் இன்சர்ட் போட முடியாது.

மாறாக, டின் ரெகுலேட்டரில் யோக் அடாப்டர் மாட்டலாம். ஆனால் ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் சில சென்டிமீட்டர் பின்தலைப் பக்கம் தள்ளிவிடும்; தலையைப் பின்னால் சாய்த்தால் இடிக்கும். அடைக்க வேண்டிய இடமும் ஒன்றுக்கு இரண்டு. பயணத்துக்குப் பையில் வைத்துக்கொள்ளலாம், தினசரிக்கு வேண்டாம்.

எனவே: வருடத்துக்கு ஒரு முறை அந்தமானிலோ மாலத்தீவிலோ வாடகைச் சிலிண்டரில் இறங்குபவருக்கு யோக் தாராளம். அடிக்கடி டைவ் செய்ய, கப்பல் சிதைவுக்குள் நுழைய, ஐரோப்பாவில் டைவிங் படிக்க எண்ணமிருந்தால் 300 பார் டின்னும் ஒரு அடாப்டரும். நைட்ராக்ஸுக்கான (ஆக்சிஜன் கூடுதலான காற்றுக் கலவை) ஐரோப்பிய இணைப்பான எம் 26 மரையை மட்டும் யோசித்து வாங்குங்கள். ஐரோப்பாவுக்கு வெளியே அதற்கு வால்வு தேடி அலைய வேண்டிவரும்.

எதை வாங்கினாலும் பையில் 014 அளவு ஓ-ரிங் நாலைந்து (யோக் முகப்புக்கு), உங்கள் டின் ரெகுலேட்டருக்கு உரிய அளவு இரண்டு (111 அல்லது 112, கையேட்டில் பாருங்கள்), ஆலன் கீ, ஓ-ரிங்கைக் கழற்ற பிளாஸ்டிக் அல்லது பித்தளைக் குச்சி வைத்திருங்கள். ஊக்கு, எஃகு ஊசியால் கிளறினால் பள்ளத்தில் கீறல் விழும்; அதன் பிறகு புது ஓ-ரிங்கும் கசியும்.

ஓ-ரிங் கசிவால் பெரும்பாலும் ஒரு டைவ்தான் கெடும். உயிரைப் பறிக்கக்கூடிய தவறு வால்வின் மறுமுனையில், சிலிண்டர் கழுத்தில் இருக்கிறது. ஐரோப்பிய மரை எம் 25, அதாவது 25 மி.மீ.; அமெரிக்க அலுமினியச் சிலிண்டர்களில் முக்கால் அங்குல மரை (இது குழாய் அளவுப் பெயர்), வெளிவிட்டம் 26 மி.மீ.க்குச் சற்று மேல். எம் 25 வால்வு முக்கால் அங்குலக் கழுத்தில் ஏறும், இறுகியது போலவும் தோன்றும். காற்று நிரப்பும்போது அந்த வால்வு துப்பாக்கிக் குண்டுபோலப் பாயும். பழைய வால்வு, சிலிண்டர் வாங்கும்போது இரண்டிலும் பொறித்திருக்கும் மரைக் குறியை ஒப்பிடுங்கள். குறி படிக்க முடியவில்லையென்றால் அதை மாட்டவே மாட்டாதீர்கள்.